பெரியப்பாவின் தலைக்கு மேல் ஒரு ஸ்பீக்கர்

ஐந்து ஸ்பீக்கர்களை வைத்துக்கொண்டு என் கல்யாணத்தை நானே நிறுத்தப் பார்த்தேன். சதி எதுவும் இல்லை. 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல வாய் வராததுதான் காரணம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மலேசியாவில், கிள்ளானிலிருந்து தினமும் பஸ் ஏறி தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு ஸ்பீக்கர் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் வேலை, ஸ்பீக்கரின் முகப்பில் கறுப்புத் துணி ஒட்டுவது. காலையில் தொடங்கினால் மாலை வரை அதே துணி, அதே பசை. துணிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்ததுகூடக் கிடையாது.

ஒரு தோழியின் கல்யாணத்தில் நேசனைச் சந்தித்தபோது, என்ன வேலை என்று கேட்டார். "ஸ்பீக்கர் செய்யிறோம்" என்றேன். (பொய் இல்லையே. அந்த 'றோ'முக்குள் ஒரு ஓரமாக நானும் இருந்தேன்.) இரண்டு வருடப் பழக்கத்தில் அந்தப் பேச்சு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்த அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நான் ஸ்பீக்கர் இன்ஜினியர் ஆகியிருந்தேன்.

நேசனுடையது யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா இல்லை. அம்மாவுக்கு என்னைப் பிடித்திருந்தது. ஆனால் முடிவு சொல்ல வேண்டியவர் பெரியப்பா. முப்பது வருடத்துக்கு மேல் கவர்மெண்ட் ஆபீசில் இருந்தவர். யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடிக்காதவர் என்று பேர். ரப்பர் தோட்டத்து வழி வந்த குடும்பத்துப் பெண் என்றதும் கொஞ்சம் யோசித்தாராம். இன்ஜினியர் என்றதும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

அன்று காலையிலேயே உதவிக்குப் போனேன். ஹாலில் நேசன் புதிதாக வாங்கிய செட் இருந்தது. டிவிக்குப் பக்கத்தில் மூன்று ஸ்பீக்கர், சோபாவுக்குப் பின்னால் இரண்டு. புத்தகத்தைப் பார்த்து அவரே சரியாக மாட்டியிருந்தார். சத்தமும் அருமை. ஒரே குறை, தரையெல்லாம் வயர். அவர் அம்மா இரண்டு முறை தடுக்கி விழப் பார்த்திருக்கிறார்.

"பிள்ளை, நீ இதுகளைச் செய்யிற ஆள்தானே. இந்த வயருகளை ஒருக்கால் சிம்பிளாக்கித் தாவன்" என்றார்.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. நானோ ஒரு ஸ்க்ரூ டிரைவர் கேட்டேன். (அந்த வேலைக்கு ஸ்க்ரூ டிரைவரே தேவையில்லை. கையில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.)

முதலில் எல்லா வயரையும் பிடுங்கினேன். நுனிகளில் ஒட்டியிருந்த கலர் கலர் சீட்டுகள் பார்க்க நன்றாக இல்லை, உரித்துப் போட்டேன். ஐந்து வயரையும் ஒன்றாகச் சேர்த்து டேப் சுற்றிச் சுவரோரமாக ஓடவிட்டேன். ஒரே வயர் போலத் தெரிந்தது. எது எதனுடையது என்று இனி எனக்கும் தெரியாது என்பது மறுமுனைக்கு வந்த பிறகுதான் புரிந்தது. ஓட்டை இருந்த இடங்களில் செருகினேன்.

பின்பக்கத்து ஸ்பீக்கரில் ஒன்று வழியை மறித்தது. சோபாவுக்குப் பின்னால் பாத்ரூம். அதன் கதவுக்கு மேலே காற்றுக்காக ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள். அதில் தூக்கி வைத்தேன். துணியில் தூசி படக்கூடாது என்று தொழிற்சாலையில் தினமும் திட்டு வாங்கியவள் அல்லவா, ஹாலில் சுற்றும் காற்றாடித் தூசியிலிருந்து காப்பாற்றுவதற்காக அதன் முகத்தைப் பாத்ரூம் பக்கம் திருப்பினேன்.

ஒரு பாட்டு கேசட் போட்டுப் பார்த்தோம். நன்றாகவே பாடியது. (கேசட்டுக்கு இரண்டு ஸ்பீக்கர் மட்டும் வேலை செய்யும் என்பதும், படத்தில் ஆட்கள் பேசுவது பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும் என்பதும் பிற்பாடு கற்றுக்கொண்டவை.) நேசனின் அம்மா ஹாலின் குறுக்கே இரண்டு முறை நடந்து பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

பெரியப்பா வந்தார், சாப்பிட்டார், அதிகம் பேசவில்லை. நேசன் போலீஸ் படம் ஒன்றைப் போட்டார். எழுத்து ஓடும்போது இசை முழங்கியது. பெரியப்பா தலையை ஆட்டிவிட்டு எழுந்து பாத்ரூமுக்குப் போனார்.

அதற்குப் பிறகுதான் படத்தில் பேச ஆரம்பித்தார்கள். வாய் அசைந்தது, சத்தம் இல்லை.

"என்னா லா இது?" என்றார் நேசன்.

"சரவுண்ட் அப்படித்தான். கொஞ்ச நேரத்துல செட் ஆயிரும்" என்று சொல்லிவிட்டு வால்யூமை முழுவதுமாகத் திருகினேன்.

திரையில் ஒரு போலீஸ்காரர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் குரல் எங்களுக்குப் பின்னால், பாத்ரூமுக்குள் இடித்தது: "நீ உள்ளதான் இருக்கேன்னு தெரியும். மரியாதையா வெளிய வா."

உள்ளே ஒரு வாளி உருண்டது.

"ஆர் அது?" என்றது பெரியப்பாவின் குரல்.

"பத்து எண்ணுறதுக்குள்ள கதவு திறக்கணும்."

"கொஞ்சம் பொறுங்கோ. இன்னும் முடியேல்ல."

ஹாலில் மூன்று பேரும் துள்ளி எழுந்தோம். நிறுத்த வேண்டும் என்று தெரிகிறது, திருகிய வால்யூமைத் திருப்பத் தோன்றவில்லை, எந்தப் பொத்தான் என்றும் இன்ஜினியருக்குத் தெரியவில்லை. நேசன் ரிமோட்டைத் தேடி சோபா மெத்தைகளை வீசிக்கொண்டிருந்தார்.

"கவர்மெண்ட் சொத்துல கை வச்சவன்தானே நீ?" என்றார் போலீஸ்காரர்.

பாத்ரூமில் குழாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு பெரியப்பா தாழ்ந்த குரலில் சொன்னார்: "பென்சில்தான் ஐயா எடுத்தனான். பிள்ளையள் படிக்கிறதுக்கு. வேற ஒண்டும் தொடேல்ல."

அந்த நேரம் பார்த்து ரிமோட் கிடைத்தது.

கதவு திறந்தது. சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, கைது செய்யச் சொல்லி வருபவரைப்போல வந்து நின்றார். எங்களைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், அண்ணாந்து தலைக்கு மேலே பார்த்தார். நேசனின் அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார்.

கல்யாணக் கதை இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடிந்ததுதான் முடிந்தது, உண்மையாவது மிஞ்சட்டும் என்று தோன்றியது. அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"நான் இன்ஜினியர் இல்ல அங்கிள். ஃபேக்டரியில ஸ்பீக்கருக்குத் துணி ஒட்டுறேன். அவ்வளவுதான் தெரியும்."

நேசன் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. பெரியப்பா சோபாவில் மெதுவாக உட்கார்ந்தார்.

"நல்லா ஒட்டுவியோ?"

"சுருக்கம் விழாது அங்கிள்."

திரும்பி ஸ்பீக்கரை ஒருமுறை பார்த்தார். "நீயும் சொல்லிப்போட்டாய், நானும் சொல்லிப்போட்டன். இனிப் பேசி என்ன, கல்யாணத்துக்கு ஒரு நல்ல நாளைப் பாருங்கோ" என்றார்.

அடுத்த தை மாதம் கல்யாணம் நடந்தது. மண்டபத்து ஒலிபெருக்கிகளுக்குப் பக்கத்தில் என்னை யாரும் விடவில்லை.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாராவது பாத்ரூமில் அதிக நேரம் இருந்துவிட்டால், வெளியே நிற்பவர் கதவைத் தட்டி, "பென்சில் எத்தனை?" என்று கேட்பார். உள்ளே இருப்பவர் ஓர் எண்ணைச் சொல்லியாக வேண்டும். பெரியப்பாவும் கடைசிவரை தவறாமல் பதில் சொன்னார். முதலில் நாலு என்றார். அடுத்த தீபாவளிக்கு ஒரு டஜன். என் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடம் அவள் கேட்டபோது, "ரெண்டு பெட்டி, ஒரு ஸ்டேப்ளரும்" என்று உள்ளேயிருந்து சத்தமாகச் சொன்னார்.