பல் உடைகிற சத்தம்

ஆகஸ்ட் 4, திங்கள். இன்றைய தவறு: வெளியே காத்திருந்த ஒருவர், “உள்ளே பல்லை உடைக்கிறார்களா?” என்று கேட்டார். உடைத்தது நான்தான், பல்லை அல்ல, கீபோர்டை. சிரித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். நல்ல நகைச்சுவை என்று நினைத்து டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

இவ்வளவையும் எழுதிவிட்டு, ‘உடைத்தது’ என்பது மிகையோ என்று யோசித்து, அடித்துவிட்டு ‘தட்டியது’ என்று மாற்றி, அப்படி எழுதினால் பல்லோடு ஒட்டவில்லை என்று மறுபடியும் ‘உடைத்தது’ என்றே எழுதினாள் சுத்தியல்.

சுத்தியல் என்பது அவள் அண்ணன் வைத்த பெயர். பகலில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசை வேலை. மாலையில் கணக்கியல் வகுப்பு. கணக்கு எழுத வருகிறவர்கள் தினமும் தாங்கள் செய்த ஒரு தவறை எழுதிப் பழக வேண்டும் என்று அந்த வகுப்பு ஆசிரியர் சொல்லியிருந்தார். மற்ற மாணவர்கள் இரண்டு நாளில் எழுத ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டார்கள். அவளுக்கு மட்டும் சரக்குக்குப் பஞ்சமே வரவில்லை.

அவள் தட்டச்சு பழகியது ஒரு கிழட்டு இயந்திரத்தில். அதில் ஓர் எழுத்து விழ வேண்டுமென்றால் விரல் போதாது. தோள்பட்டையிலிருந்து இறங்க வேண்டும். அந்தப் பழக்கத்துக்குத் தோதாக, ஒவ்வொரு விசைக்கு அடியிலும் கனமான ஸ்விட்ச் போட்ட கீபோர்டு ஒன்றை வாங்கி மேசையில் வைத்திருந்தாள். அழுத்தினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் கொஞ்சம் எதிர்த்து நிற்கும், பிறகு தோற்றுப்போய் ‘டொக்’ என்று சரணடையும். அந்த ‘டொக்’ வந்தால்தான் எழுத்து விழுந்தது என்று அவளுக்கு நம்பிக்கை. அது வெளியே எவ்வளவு தூரம் கேட்கும் என்பது அவளுக்குத் தெரியாது, ஏனென்றால் நாள் முழுக்க அவள் காதில் பெரிய ஹெட்ஃபோன் இருக்கும்.

அதுதான் அவள் வேலையே. ஒவ்வொரு நோயாளியையும் அனுப்பிய பிறகு டாக்டரம்மா தன் குறிப்பைக் குரலில் பதிவுசெய்து அனுப்புவார். சுத்தியல் அதைக் கேட்டுக் கேட்டுத் தட்ட வேண்டும். “கீழ்த்தாடை, இடது பக்கம், கடைசிக் கடைவாய்ப்பல். எந்தச் சிக்கலும் இல்லை. நோயாளி திருப்தி.” என்ன நிதானம், என்ன தெளிவு. அந்தக் குரலைக் கேட்கும்போது, ஆரோக்கியமான பல் ஒன்றைத் தானும் கொடுத்துவிடலாமா என்றுகூடச் சில சமயம் அவளுக்குத் தோன்றும்.

டாக்டரம்மாவுக்கு அந்த நகைச்சுவை பிடிக்கவில்லை.

“எனக்கு மெஷின் சத்தத்துல வெளிய என்ன நடக்குதுன்னே தெரியாது. பல்லு உடையற மாதிரியா கேக்குது?”

“அவர் சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாரு மேடம். அப்புறம் உள்ள வந்து பல்லைக் காட்டிட்டுத்தான் போனாரு.”

“இன்னிக்குச் சிரிப்பாங்க. நாளைக்கு ஊர் பூரா சொல்லுவாங்க. ரொம்பப் பாடுபட்டு எடுத்த பேரும்மா இது. நீ விரலால கெடுத்துடாதே.”

பிறகு டாக்டரம்மா தன் நாத்தனார் மகளைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார். படித்துவிட்டுச் சும்மா இருக்கிறாளாம். கண்ணாடித் திரையில் கட்டைவிரலாலேயே பக்கம் பக்கமாக எழுதுவாளாம். எறும்பு ஊர்கிற சத்தம்கூடக் கேட்காதாம். எதற்குச் சொல்கிறார் என்று சுத்தியலுக்கு விளங்கிவிட்டது. மாலை வகுப்புக்கு நேரத்தோடு கிளம்ப விடுகிற முதலாளி வேறெங்கும் கிடைக்க மாட்டார். இந்த வேலை போனால் வகுப்பும் போகும், தவறு எழுதுகிற நோட்டும் போகும்.

வீட்டில் அண்ணனுக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. அவன் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை செய்பவன். மிச்ச நேரமெல்லாம் கீபோர்டு. மேசை இழுப்பறைகளில் நகைக்கடை மாதிரி சின்னச் சின்னப் பெட்டிகளில் ஸ்விட்சுகள் அடுக்கியிருப்பான். ஏன் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், மேசையில் இடமில்லை என்பான். அவனுடைய கட்சி, லேசான ஸ்விட்ச். கனமான ஸ்விட்ச் பிடிக்கிறவர்களைப் பற்றி அவனுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. அவர்களெல்லாம் கதவைச் சாத்தாமல் அறைகிறவர்கள் என்பான்.

“நீ எழுதறியா, ஆணி அடிக்கறியா? விரல் நினைச்சாலே எழுத்து விழணும்.”

“நினைச்சதெல்லாம் விழுந்தா வேலை போயிடும்ணா.”

“உன் விரலுக்கு மரியாதையே தெரியல. அதான்.”

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “ஒருத்தனுக்குத் தொட்டா வரணும், ஒருத்திக்குக் குத்தினா வரணும். எனக்குக் கூப்பிட்டா வரணும். தட்டு வச்சு எவ்வளவு நேரமாச்சு?”

சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் அவள் கீபோர்டைப் பிரித்தான். கனமான ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, இருப்பதிலேயே லேசானவற்றைப் பொருத்தினான். அவன் பிடுங்கிய அழகைப் பார்த்தபோது டாக்டரம்மா இவனையே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் கையைக் கீபோர்டின் மேல் வைத்தாள். வைக்கத்தான் செய்தாள், திரையில் அரை வரி வந்துவிட்டது. கையைத் தூக்கினாள், தூக்கும்போது மீதி அரை வரி வந்தது. பெருமூச்சு விட்டால்கூட எழுத்து விழும்போல இருந்தது. பாம்புப் புற்றில் கைவிடுகிறவள் மாதிரி விரல்களை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள்.

அன்று வரவேண்டியவர்களுக்கு நினைவூட்டல் அனுப்ப வேண்டும். ஒரு வக்கீலுக்கு, ‘இன்று மாலை உங்கள் எல்லாப் பற்களையும் சுத்தம் செய்ய நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது’ என்று எழுத நினைத்தாள். ‘இன்று மாலை உங்கள் எல்லாப் பற்களையும்’ என்ற இடத்தில் சுண்டுவிரல் லேசாக எங்கோ பட்டது. செய்தி போய்விட்டது.

வக்கீல் உடனே போன் செய்தார். எல்லாப் பற்களையும் என்ன செய்யப் போகிறீர்கள், எழுத்துமூலம் தெரிவிக்கவும் என்றார். எழுத்துமூலம் என்றதும் அவளுக்கு வியர்த்தது. ‘மன்னிக்கவும், எடுக்க மாட்டோம்’ என்று தட்டப் போனாள். ‘மன்னிக்கவும், எடுக்க’ என்பதோடு அதுவும் போய்விட்டது. அதன்பின் வக்கீல் போனை எடுக்கவில்லை.

இந்த அமளியில் அவள் நிமிர்ந்து பார்த்தபோது காத்திருந்தவர்களில் பாதிப் பேரைக் காணோம். முந்தின நாள் கன்னம் வீங்கி வந்து, மாத்திரை வாங்கிக்கொண்டு, இன்று பல்லை எடுக்க வந்திருந்த பஸ் டிரைவர் மட்டும் கதவருகே நின்றுகொண்டிருந்தார். ஆள் பீமசேனன் மாதிரி. திங்களன்று இதே ஹாலில் குறட்டை விட்டுத் தூங்கியவர்தான். இன்று முகம் வெளுத்திருந்தது.

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றினாள். “எங்க சார் கிளம்பிட்டீங்க? அடுத்து நீங்கதான்.”

“வண்டிச் சாவியை எங்கயோ வச்சுட்டேன்மா,” என்றார் அவர், சாவியைக் கையில் வைத்துக்கொண்டே.

அவர் போனதும் டாக்டரம்மா வந்து எட்டிப் பார்த்தார். “அடுத்து யாரு?” நாற்காலிகள் பதில் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய். இன்றைய தவறு: ஒரே விரல், இரண்டு செய்தி. வக்கீல் மற்றவர்களிடமும் சொல்லியிருப்பாரோ என்று சந்தேகம். லேசான ஸ்விட்சுக்கும் கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்கிறது. அதுவும் காரணமாக இருக்கலாம்.

அண்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஸ்விட்ச்மேல் குற்றமில்லை, அவள் விரலுக்குத்தான் பயிற்சி போதாது என்றான். இருந்தாலும் தங்கை என்ற பாசத்தில் வேறொரு வைத்தியம் செய்தான். கொஞ்சம் நடுத்தரமான ஸ்பிரிங்கைப் போட்டு, ஒவ்வொரு ஸ்விட்சுக்குள்ளும் பிரஷ்ஷால் கிரீஸ் தடவினான். மிச்சச் சத்தமும் வழுக்கிக்கொண்டு போய்விடும் என்றான். பாசம் கொஞ்சம் அதிகம், கிரீஸும் அதிகம்.

புதன்கிழமை, அமுக்கிய விசை எழுந்து வரவில்லை. விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. திரையில் அதே எழுத்து வந்துகொண்டே இருந்தது. டாக்டரம்மாவின் நிதானமான குரல் காதில், “ஆறு நாளாக வலி,” என்றது. திரையில், ‘ஆஆஆஆஆஆஆஆறு நாளாக வலி’ என்று விழுந்தது. அவள் அதை அழிக்கப் போனாள். அழிக்கிற விசையும் உட்கார்ந்துகொண்டது. காலையிலிருந்து எழுதியதெல்லாம் ஒவ்வொரு எழுத்தாகத் திரையைவிட்டு வெளியேறியது.

அதேபோல ஹாலிலிருந்து நோயாளிகளும் வெளியேறினார்கள். ஓர் ஆசிரியை, அடுப்பை அணைக்க மறந்துவிட்டதாகச் சொன்னார். ஒரு தம்பதி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமலே எழுந்தார்கள். மறுபடியும் வந்திருந்த பஸ் டிரைவர், பஸ்ஸை ஓடவிட்டுவிட்டு வந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு நழுவினார்.

மாலையில் டாக்டரம்மா நோயாளிக் குறிப்பைப் படித்தார். “இது ரிப்போர்ட்டா, ஒப்பாரியா?”

“கிரீஸ் மேடம்.”

“யாருக்கு?”

இந்த மூன்று நாளில் வந்த கூட்டம் பாதியாகிவிட்டது என்றும், வெள்ளிக்கிழமைக்குள் ஹால் நிறையாவிட்டால் சனிக்கிழமையிலிருந்து நாத்தனார் மகள் வருவாள் என்றும் டாக்டரம்மா சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. ஹெட்ஃபோனில் கேட்கிற அதே நிதானக் குரலில் சொன்னார். எந்தச் சிக்கலும் இல்லை, நோயாளி திருப்தி என்பதுபோல.

அன்று வீட்டில் அண்ணன் தன் கொள்கையை முதன்முறையாக விட்டுக்கொடுத்தான். கனமான ஸ்பிரிங்கையே போட்டுத் தருகிறேன், உன் சுத்தியல் கைக்கு அதுதான் தாங்கும் என்றான். ஆனால் அடியில் ரப்பர் வைத்த, சத்தமே போடாத ஸ்விட்ச். அதற்குக் கீழே பஞ்சு. அதற்கும் கீழே, அம்மாவின் துவாலை. அம்மா துவாலையைத் தேடியபோது இருவரும் சுவரைப் பார்த்தார்கள்.

வியாழக்கிழமை எல்லாம் சரியாக நடந்தது. விரல் லேசாகப் பட்டதற்கெல்லாம் எழுத்து விழவில்லை. விழுந்த எழுத்து ஒட்டிக்கொள்ளவில்லை. ‘டொக்’ இல்லாததால் எழுத்து விழுந்ததா என்ற சந்தேகத்தில் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை சரிபார்த்தாள், அவ்வளவுதான். ஒரு செய்திகூடத் தவறிப் போகவில்லை. ஒரு ‘ஆ’கூடக் கூடவில்லை. காலையிலேயே ஹால் நிறைந்திருந்தது. வக்கீல்கூட, எழுத்துமூலம் எதுவும் கேட்காமல், வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். சந்தேகத்துக்கு, ஹெட்ஃபோனைக் கழற்றி, காதைக் கீபோர்டோடு வைத்து ஒரு வரி தட்டிப் பார்த்தாள். பூனை பஞ்சில் நடக்கிற மாதிரிகூட இல்லை. திருப்தியோடு ஹெட்ஃபோனை மறுபடி மாட்டிக்கொண்டு டாக்டரம்மாவின் குறிப்பில் மூழ்கினாள்.

ஒரு குறிப்பை முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

ஹால் காலி. ஒரு நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. வக்கீலின் ஒற்றைச் செருப்பு வாசலில் கிடந்தது. கதவு ஆடிக்கொண்டிருந்தது, கண்ணாடிக்கு அப்பால் பஸ் டிரைவரின் அகன்ற முதுகு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது.

அவளுக்கு அழுகை வந்தது. அழுவதற்கு முன் ஓடினால் ஆளைப் பிடிக்கலாம் என்று தோன்றியதால் ஓடினாள். கழுத்தில் ஹெட்ஃபோன் ஆட, எதிரே இருந்த பஸ் நிறுத்தம் வரை ஓடிப் போய், அங்கே கன்னத்தைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் முன்னால் மூச்சு வாங்க நின்றாள்.

நடந்ததையெல்லாம் முறையாக, திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள். கனமான ஸ்விட்ச், லேசான ஸ்விட்ச், கிரீஸ், ரப்பர், பஞ்சு, துவாலை. அவர் பொறுமையாகக் கேட்டார்; பல்வலிக்காரருக்கு வேறு வழியில்லை.

“இப்ப சுத்தமா சத்தமே இல்ல சார். நான் காதை வச்சுப் பாத்துட்டேன். தயவுசெஞ்சு வந்து உக்காருங்க. நீங்க ஒருத்தர் உக்காந்தாக்கூட என் வேலை தப்பிச்சிடும்.”

“சத்தம் இல்லன்னு எனக்குத் தெரியாதாம்மா? அதனாலதானே ஓடியாந்தேன்.”

“என்ன சார் சொல்றீங்க?”

அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, வீங்கிய கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“நாளைக்கு முதல் ஆளா நான் வந்து உக்காருறேன், போன ஆளுங்களையும் கூட்டிட்டு வரேன், ஆனா நீ காலையிலேருந்து கை ஓயாம, திங்கக்கிழமை தட்டினதைவிடப் பலமாத் தட்டணும். உள்ள டாக்டரம்மா வேலை செய்யறப்ப, மெஷினுக்கு மேல சத்தமா, ‘ஐயையோ, இந்தப் பல்லு இல்லையே’ன்னு தனக்குத்தானே சொல்லிக்கறது வெளிய இருக்கறவன் காதுல விழவே கூடாது.”