மாமாவுக்கு முன்னால் போகாத பேண்ட்

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சரியாகத் தெரிந்து வைத்திருப்பவனைப் போல ஆபத்தான ஆள் உலகத்தில் கிடையாது. ஒன்றும் தெரியாதவன் வாயை மூடிக்கொண்டு ஓரமாக நிற்பான். எல்லாம் தெரிந்தவன் கேட்டால் மட்டும் சொல்லுவான். ஒன்றே ஒன்று தெரிந்தவன்தான் அதைச் சொல்ல இடம் தேடி அலைவான். எனக்குத் தெரிந்த அந்த ஒன்று, பழைய பிரிட்டிஷ் பட்டாளத்தின் உடுப்பு. அதைச் சொல்ல நான் கண்டுபிடித்த இடம், என் மாமனாரின் சாவு.

ஹட்டனில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். முன்னறையில் ஊராருக்குக் கண் பார்ப்பேன். பின்னறையில், கழற்றிப் போட்ட ஒரு பழைய கதவின் மேல், ஆங்கிலேயர் கண்டியைப் பிடிக்க வந்த காலத்துச் சண்டை ஒன்று பல வருடங்களாக முடிவு தெரியாமல் நடந்துகொண்டிருக்கிறது. எல்லாம் விரல் நீளம்கூட இல்லாத பொம்மைச் சிப்பாய்கள். சிவப்புக் கோட்டு வெள்ளைக்காரர்கள், மதராஸிலிருந்து கப்பலேற்றி வந்த சிப்பாய்கள், மரங்களுக்குப் பின்னால் கண்டி வீரர்கள். ஒவ்வொருவனையும் பூதக்கண்ணாடிக்குக் கீழே பிடித்து, நாலு மயிர் மிச்சமுள்ள தூரிகையால் பொத்தான் வரைவேன். எந்தப் படைப்பிரிவுக்குக் கழுத்துப்பட்டி பச்சை, எதற்கு மஞ்சள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். (என் மனைவி மல்லிகாவின் பிறந்தநாளைக் கேட்டால் சற்று அவகாசம் வேண்டும்.) தரைக்குத் தேயிலைத் தூளைப் பசையில் தூவியிருக்கிறேன். அந்தச் சண்டை நடந்தபோது இந்த மலையில் தேயிலையே கிடையாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் மழை பெய்த மண்ணின் நிறத்தில் இவ்வளவு மலிவாக இந்த ஊரில் வேறொன்றும் கிடைப்பதில்லை.

அந்தப் படைகளுக்குப் பின்னால் மூட்டை தூக்கிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அவர்களும் எங்கள் தோட்டத்து முன்னோரைப் போல அக்கரையிலிருந்து கடல் தாண்டி வந்தவர்கள். அவர்களுக்கு மட்டும் எந்த நாட்டிலும் பொம்மை செய்து விற்பதில்லை. உடுப்பு இல்லாதவனின் உடுப்பில் பிழை கண்டுபிடிக்க முடியாது. ஆகவே நானும் அவர்களைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

மாமா சாவதற்கு முந்தின வாரம், என் சண்டையைப் படமெடுத்து, இதே பைத்தியம் பிடித்தவர்கள் கூடுகிற இணையக் குழு ஒன்றில் போட்டிருந்தேன். எங்கோ ஒரு தேசத்திலிருந்து ஒருவர் மிகுந்த மரியாதையோடு பதில் எழுதினார். வேலைப்பாடு அருமை. ஆனால் என் சார்ஜன் இரண்டு கைகளிலும் பதவியைக் காட்டும் வரி போட்டிருக்கிறான். அந்தக் காலத்தில் சார்ஜனின் மூன்று வரியும் வலது கையில் மட்டும்தான். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருநூறு வருடத்துக்கு முன் செத்துப்போன ஒரு சார்ஜனின் இடது கைக்காக ஒரு வாரம் துக்கம் காத்தேன். அந்தத் துக்கம் தீருவதற்குள் உண்மையான துக்கம் வந்துவிட்டது.

மாமா வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கண்டாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மலை வேலை முழுவதையும் மேய்க்கிற அந்த உத்தியோகத்தில் அவர் இருந்த காலத்தில், அவர் வருகிறார் என்றால் கொழுந்துகூட நிமிர்ந்து நிற்கும் என்பார்கள். அவருக்கு வாழ்க்கையில் ஆசை என்று ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. சாவில் ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு மல்லிகாவிடம் அதைச் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன்.

"என்னைய எடுக்கறப்ப பேண்டு வாசிச்சுக்கிட்டு முன்னுக்குப் போகணும். நான் பின்னுக்கு வருவேன். மாறிப் போச்சுன்னா நல்லா இருக்காது, சொல்லிப்புட்டேன்."

மல்லிகா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சரிங்கப்பா, நான் பார்த்துக்கிறேன் என்றாள். அவர் கேட்டது அவ்வளவுதான். அவள் அவருக்குச் செய்யக் கடைசியாக மிஞ்சியிருந்ததும் அவ்வளவுதான்.

எழவு வீட்டில் வேலைகளைப் பங்கு போட்டவர் மல்லிகாவின் அண்ணன் தியாகு. பெட்டி, குழி, பந்தல், வெள்ளைக் கொடி எல்லாவற்றுக்கும் ஆள் வைத்துவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்தார். "மச்சான், பேண்டுக்காரங்க சந்திக்கு வருவாங்க. அவங்கள மேல கூட்டிக்கிட்டு வந்தாப் போதும்." (இதற்கு மேல் எதையும் என்னிடம் ஒப்படைக்கக் கூடாது என்பது குடும்பத்தில் ஏற்கெனவே எடுத்த முடிவு. அந்த முடிவிலும் தாராளம் அதிகம் என்று அன்று தெரிந்தது.) போகும்போது, கிரேட் வெஸ்டர்ன் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வருவதைக் காட்டி, மழை பிடித்தால் குழியில் ஊற்று ஏறிவிடும், சுணங்காமல் வாருங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

தோட்டத்துப் பாதை தார் ரோட்டில் வந்து சேருகிற இடம்தான் சந்தி. அங்கே அஸீஸ் நானாவின் கடை மட்டும் உண்டு. தேத்தண்ணி, வெற்றிலை, ஊசி நூல், பெட்டரி எல்லாம் ஒரே பலகையில் கிடைக்கும். தொலைபேசிக்குச் சிக்னல் மட்டும் கிடைக்காது. தலவாக்கலையிலிருந்து வந்த பேண்டுக்காரர்கள் எட்டுப் பேரும் கடைத் தாழ்வாரத்தில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியங்களோடு வேன், திருப்ப இடம் தேடிக் கீழே போயிருந்தது.

நான் அவர்களைப் பார்த்தேன். எட்டுச் சிவப்புக் கோட்டு. பச்சைக் கழுத்துப்பட்டி. இரண்டு தோளிலும் மேடைத் திரையில் தொங்குவது போலத் தங்கக் குஞ்சம். பெரிய டிரம்காரர் மட்டும் கோட்டுக்கு மேலே புலித்தோல் அச்சடித்த கட்டில் விரிப்பு ஒன்றைப் போர்த்தியிருந்தார். பட்டாளத்தில் டிரம் அடிப்பவன் உண்மையிலேயே சிறுத்தைத் தோல் போர்த்துவது வழக்கம். ஆக எட்டுப் பேரில் வரலாற்றுக்கு விசுவாசமாக இருந்தது அந்தக் கட்டில் விரிப்பு ஒன்றுதான்.

தலைவர் சவரிமுத்து மாஸ்டர். என் வயதுக்காரர். இஸ்திரி மடிப்பில் விரல் வைத்தால் வெட்டிவிடும் போன்ற கோட்டு. அதன் இரண்டு கைகளிலும் மும்மூன்று வரி.

இரண்டு கைகளிலும்.

"மாஸ்டர், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றேன். (இப்படி ஆரம்பித்த எந்தப் பேச்சும் எங்கள் பரம்பரையில் நல்லபடியாக முடிந்ததில்லை.)

"சொல்லுங்க சேர்."

"உங்க கையில சார்ஜன் இருக்காரு. தோள்ல கர்னல் இருக்காரு. ஒரே ஆளு ரெண்டு பேரா இருக்க முடியாதுங்களே."

அவர் சிரித்திருக்கலாம். ஒங்க வேலையப் பார்த்துக்கிட்டுப் போங்க சேர் என்று திட்டியிருக்கலாம். நான் அடி வாங்கியிருந்தாலும் மாமா முறைப்படி போய்ச் சேர்ந்திருப்பார். மாஸ்டர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, எங்கே, விளக்கமாகச் சொல்லுங்கள் என்றார். என் தொலைபேசியில் இருந்த பழைய சித்திரங்களைக் காட்டினேன். பையிலிருந்த பூதக்கண்ணாடியையும் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு சிப்பாயாகப் பார்த்தார்.

"அப்ப இத்தன வருசமா நான் பிழையாத்தான் நின்னுருக்கேன்."

அந்த இடத்தில் இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். நான் ஆறுதலாக, இடது கை வரி மட்டும்தான் பிழை, அப்புறம் எட்டுப் பேருடைய குஞ்சமும், என்றேன். வேறு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். சரியாகச் சொல்லப் போனால் வாத்தியக்காரர்களுக்குக் கோட்டே பச்சையாகவும் கழுத்துப்பட்டி சிவப்பாகவும் இருக்க வேண்டும் என்று அதையும் சொன்னேன்.

"அது இன்னிக்கு முடியாது," என்றார். "மத்தத பிரிச்சுருவோம். கழட்டுங்கடா."

ஏழு பேரும் கோட்டைக் கழற்றினார்கள். இன்றைக்கு இருக்கட்டும் மாஸ்டர், மழை வரப் போகிறது, இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று கெஞ்சினேன்.

"நீங்க பாத்தீங்களே சேர்." கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டார். "கண்டாக்கையாகிட்ட நான் ரெண்டு வருசம் பேர் போட்டு வேலை செஞ்சவன். காலையில ஆள் எண்ணுற பெரட்டுக்கு, செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி மொட்டையா இருந்தா வீட்டுக்குத் திருப்பி அனுப்புற மனுசன். அவரு முன்னுக்கு இந்தக் கோலத்துல நடக்கச் சொல்றீங்களா?"

நான் பூதக்கண்ணாடியைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டேன்.

நானாவிடம் ஊசியும் நூலும் கத்தரிக்கோலும் வாங்கினோம். சீக்கிரம் முடியட்டும் என்று நானும் உட்கார்ந்தேன். குஞ்சத்தை இழுத்துப் பிய்த்தால் தோள் கிழியும். தையலை ஒவ்வொன்றாக வெட்டித்தான் எடுக்க வேண்டும். அது என் கைக்குப் பழகிய வேலை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, மூன்றாவது கோட்டில் எனக்கு அது பிடித்துப் போய்விட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஆள் அளவுச் சிப்பாய்கள் கிடைத்திருக்கிறார்கள். தூறல் விழுந்தது. தகரத்தில் அது பெரிதாகச் சத்தம் போட்டது. நான் குனிந்த தலை நிமிரவில்லை.

மேலே எழவு வீட்டில் நடந்ததெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. தியாகு எனக்கு அடித்துப் பார்த்திருக்கிறார், சிக்னல் இல்லை. குழி வெட்டினவர்கள், வாளியால் இறைத்தும் தண்ணீர் நிற்கவில்லை, ஒரு பக்கம் மண் சரிகிறது என்று ஆள் அனுப்பியிருக்கிறார்கள். மல்லிகா, இன்னும் கொஞ்சம் பார்ப்போம், இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று வாசலிலேயே நின்றிருக்கிறாள். கடைசியில் அவளே, எடுங்கண்ணே, என்று சொன்னாளாம்.

எங்களுக்கு முதலில் கேட்டது தப்பு மேளச் சத்தம். வளைவுக்கு மேலேயிருந்து இறங்கி வந்தது. நானா பலகைக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"சேர், மையத்தத் தூக்கிக்கிட்டு வர்றாங்க."

வேன் இன்னும் வரவில்லை. பேண்ட் முழுவதும் பெனியனோடு இருந்தது. ஒரு கோட்டுக்கு ஒரு தோளில் குஞ்சம், இன்னொன்றுக்கு இல்லை. மாஸ்டர் உதட்டில் ஊசியைக் கவ்வியபடி எழுந்தார். அவர் எழுந்ததும் மற்ற ஏழு பேரும் தாழ்வாரத்தில் வரிசையாக நின்றார்கள். மாமா எங்களைக் கடந்து போனார். மாஸ்டர் சலாம் வைத்தார், ஊசியை எடுக்காமலே. நான் கத்தரிக்கோலோடு நின்றேன். முன்னால் தோளில் பெட்டியைத் தாங்கி வந்த தியாகு என்னை ஒரு தடவை பார்த்தார். இரண்டாவது தடவை பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. சந்தி வரை வந்து திரும்பிவிடுவார்கள். ஆகவே மல்லிகா அந்தக் கடைக்கு முன்னால்தான் நின்றாள். தலை நனைந்திருந்தது. என்னைப் பார்த்தாள். என் கையில் தொங்கிய சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். கீழே சேற்றில் கிடந்த தங்கக் குஞ்சங்களையும் பார்த்தாள்.

"அப்பா முன்னுக்குப் போயிட்டாரு," என்றாள்.

மற்றப் பெண்களோடு திரும்பி மேலே நடந்தாள்.

வேன் வந்ததும் மாஸ்டர் அரைகுறையாக விடவில்லை. மிச்சத்தையும் பிரித்து, கோட்டை மாட்டி, வரிசை கட்டி, கொட்டுகிற மழையில் இடுகாட்டுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். அங்கே ஆட்கள் எல்லாரும் கலைந்து மறு பாதையால் போய்விட்டிருந்தார்கள். குழி வெட்டின இரண்டு பேர் மட்டும் மேட்டை மண்வெட்டியால் தட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் ஒருவர் சலித்துப்போய், "இது எந்த வீட்டு எழவுக்குங்க?" என்று கேட்டார்.

மாஸ்டர் கையை உயர்த்தினார். வாசித்தார்கள். பெரிய டிரம்மின் தோல் நனைந்து, ஈரச் சாக்கை அடிப்பது போலக் கேட்டது. கோட்டுச் சாயம் கரைந்து வெள்ளைக் கால்சட்டைகளில் இறங்கியது. உண்மையான போர்க்களத்திலிருந்து திரும்பியவர்கள் போலவே இருந்தார்கள். கையில் வரி சரி, தோளில் குஞ்சம் இல்லை. அவ்வளவு சரியான உடுப்பில் ஒரு பேண்ட் இந்த மலையில் அதற்கு முன் நின்றிருக்காது. பார்க்க வேண்டியவர் மண்ணுக்குக் கீழே இருந்தார். கேட்க வேண்டியவள் வீட்டுக்குத் திரும்பியிருந்தாள்.

கருமாதிச் சாப்பாட்டின்போது, இலை போட்டு எல்லாரும் உட்கார்ந்த பிறகு, தியாகு பந்தி நடுவில் நின்று கேட்டார். "மச்சான், சோறு போடலாமா? இல்ல, இன்னும் ஏதாச்சும் பிரிச்சுத் தைக்க இருக்கா?" அந்த வீட்டில் சாவுக்குப் பிறகு கேட்ட முதல் சிரிப்பு அது. மல்லிகா சிரிக்கவில்லை. ஆனால் சொல் நிலைத்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் யார் எதற்குச் சுணங்கினாலும், தைச்சு முடிஞ்சுதா என்றுதான் கேட்பார்கள். என் மகளைப் பெண் பார்க்க வந்த சம்பந்தி வீட்டார், அது எங்கள் சாதிப் பழக்கம் ஏதோ என்று நினைத்துக்கொண்டு இப்போது அவர்களும் கேட்கிறார்கள்.

மாஸ்டர் என்னை விடவில்லை. புதிதாக எட்டுக் கோட்டு தைத்தார். பச்சைக் கோட்டு, சிவப்புக் கழுத்துப்பட்டி. எந்தச் சாவுக்குப் புறப்பட்டாலும், வரிசையைப் படமெடுத்து எனக்கு அனுப்பி, சரியா சேர் என்று கேட்பார். தலவாக்கலைக்கும் ஹட்டனுக்கும் இடையில் யார் போய்ச் சேர்ந்தாலும் உறவுக்காரர்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். கடையில் என் தொலைபேசி முனகினால் மல்லிகா, "யாரு?" என்று மட்டும் கேட்பாள். உடுப்பைப் பற்றி அவள் ஒரு நாளும் பேசியதில்லை. பின்னறைப் பக்கமும் வருவதில்லை.

போன மாதம் ஒரு படம் வந்தது. வரிசையில் யாரோ புது ஆள். கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த மல்லிகா என் தோளுக்கு மேலாகக் குனிந்து, கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அந்த மூணாவது ஆளுக்கு வரி இடது கையில இருக்கு," என்றாள்.

இருந்தது. நான் மாஸ்டருக்குப் பதில் அடித்தேன்: எல்லாம் சரி மாஸ்டர். சுணங்காம முன்னுக்குப் போங்க.

மல்லிகா அதையும் வாசித்தாள். வாசித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கப் போனாள்.