மஞ்சள் சட்டைக்குள்ளே நீலப் பனியன்

மாதுங்கா,
திங்கட்கிழமை, காபிக்குப் பிறகு.

நங்கநல்லூரில் க்ஷேமமாக எழுந்தருளியிருக்கும் மகாராஜராஜஸ்ரீ அத்திம்பேர் அவர்களுக்கு, தங்கள் மைத்துனன் பஞ்சாபகேசன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் பத்மஜாவும், என்னுடைய இடது முழங்கால் நீங்கலாக, சகல சௌக்கியம். அவ்விடம் தாங்கள், விசாலாக்ஷி அக்கா, தங்கள் இருதயத்தில் டாக்டர் வைத்த இரண்டு ஸ்டென்ட் ஆகிய நால்வரும் நன்றாக இருக்க அம்பாளைப் பிரார்த்திக்கிறேன்.

நிற்க. நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை தாங்கள் டெலிபோனில் அழைத்த விஷயம். பதினோரு வருஷத்துக்கு அப்புறம் தங்கள் குரலைக் கேட்டதில் எனக்கு ஸ்பீக்கர் பட்டன் அகப்படவில்லை. தாங்கள் அழுதீர்கள். "பஞ்சு, எத்தனை வருஷம் பம்பாய்ல இருந்தா என்ன, நீ நம்ம மஞ்சள்தான்னு காமிச்சுட்டியேடா" என்றீர்கள். டி.வி.யில் வந்த என் படத்தைப் பிரிண்ட் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருப்பதாகச் சொன்னீர்கள். அக்காவோடு ரயிலேறி அடுத்த வெள்ளிக்கிழமை இங்கே வந்து இறங்கிப் பதினைந்து நாள் தங்கப்போவதாகவும், அந்த ஞாயிற்றுக்கிழமை சென்னைக்கும் மும்பைக்கும் நடக்கிற அடுத்த மாட்சை நாம் இருவரும் மஞ்சள் சட்டையில் தோளோடு தோள் உட்கார்ந்து பார்க்கப்போவதாகவும் சொன்னீர்கள். இருபத்திரண்டு நிமிஷம் பேசினீர்கள். நான் பேசியது மொத்தம் ஏழு "ம்". வாயைத் திறந்தால் உண்மை வந்துவிடுமே என்று பயம். ஆகவே இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் எழுதலாம்தான். ஆனால் நம் குடும்ப குரூப்பில் போட்டால் அது நியூ ஜெர்சி குரூப்புக்குப் போய், அங்கிருந்து ஐரோலி சொந்தக்காரர்களுக்குப் போய், சாயங்காலத்துக்குள் கும்பிடும் கை நாலு சேர்ந்துகொண்டு எனக்கே திரும்பி வரும். காகிதம் என்றால் ஒரு போஸ்ட்மேன் சுமக்க வேண்டும், அந்த மட்டுக்கும் மரியாதை இருக்கிறது.

நேராகச் சொல்லிவிடுகிறேன், பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துக்கொண்டு படியுங்கள். நான் மஞ்சள் இல்லை, நீலம். சென்னைக்காரர்களுக்கு மஞ்சள் எப்படியோ மும்பைக்காரனுக்கு நீலம் அப்படி, அதில் எனக்குக் கொள்ளைப் பெருமை. பிறந்தது மாதுங்கா, படிச்சது மாதுங்கா, கிரிக்கெட் பார்க்கக் கத்துண்டதும் இந்த ஊர் மைதானத்துலதான். ஒரே மைதானத்துல பன்னண்டு மாட்ச் நடக்கும், இந்த மாட்சோட பாயிண்ட் ஆளும் அந்த மாட்சோட ஸ்லிப் ஆளும் முதுகோட முதுகு இடிச்சுண்டு நிப்பா, ஒருத்தனுக்கும் குழப்பம் கிடையாது. ஆட்டம் தெரிஞ்ச ஜனம் அத்திம்பேர் இது. நல்ல பந்தைத் தொடாம விட்டா அதுக்கும் கைதட்டின ஜனம். இப்போ என்னடான்னா ஸ்டேடியத்துல ஒரு ராட்சசத் திரை, "சத்தம் போடு"ன்னு அது சொல்றது, நாப்பதாயிரம் பேர் போடறா. கைல ரெண்டு பலூன் குச்சி கொடுத்துடறா, அதுல சிமெண்ட் விளம்பரம், அதை ஒண்ணோட ஒண்ணு அடிச்சா அதுதான் கைதட்டலாம். எனக்கு ரெண்டு கை இருக்கு, எதுக்கு சிமெண்ட்? சிக்ஸருக்கு ஒரு கம்பெனி பேர், கேட்சுக்கு ஒரு கம்பெனி பேர், அவுட்டா இல்லையான்னு அம்பயர் யோசிக்கிற ரெண்டு நிமிஷத்தைக்கூட ஒரு பெயிண்ட் கம்பெனி வாங்கிண்டாச்சு. ஆட்டக்காரன் சட்டையைப் பார்த்தேளா, மார்ல டயர், கைல பாங்கு, முதுகுல குளிர்பானம், அதுக்கு நடுவுல எங்கேயோ அவன் பேர். இத்தனையும் எனக்குப் பிடிக்கலை, ஆனாலும் நீலம்னா நீலம்தான். குடும்பம்னா நாலு தினுசா இருக்கத்தான் செய்யும்.

அப்படியானால் டி.வி.யில் மஞ்சள் சட்டையில் குதித்தது யார் என்று கேட்பீர்கள். நான்தான். அதுக்குக் காரணம் என் நோட்டுப் புஸ்தகம். ஆபீஸ்ல முப்பத்தொரு வருஷம் புள்ளிவிவரம் சேர்த்த கை, ரிட்டயர் ஆனா சும்மா இருக்குமா? ரிட்டயர் ஆனதுலேர்ந்து இந்த லீக்ல நான் முழுசா உக்காந்து பார்த்த ஒவ்வொரு மாட்சுக்கும் எழுதி வச்சிருக்கேன். தேதி, நான் போட்டுண்ட சட்டை, உக்காந்த இடம், பத்மஜா அடுப்புல என்ன வச்சிருந்தா, முடிவு. போன மாசம் உக்காந்து மொத்தத்தையும் ஆராய்ச்சி பண்ணினேன், தலை சுத்தித்து அத்திம்பேர். நான் நீலச் சட்டை போட்டுண்டு பார்த்த நாப்பத்தோரு மாட்சுல நீலம் இருபத்தொன்பது தோத்திருக்கு. என் நீலச் சட்டையைப் பத்மஜா நனைச்சுட்ட மூணு நாள் மட்டும், வேற வழியில்லாம பிள்ளை நகுல் கல்யாணத்துக்கு வந்த மஞ்சள் ஜிப்பாவைப் போட்டுண்டேன். மூணு நாளும் எதிர்ல ஆடினது மஞ்சள், மூணு நாளும் தோத்தது மஞ்சள். ஆகக்கூடி நான் யார் கட்சியோ அவா காலி! இத்தனை வருஷமா என் டீமை நானே கவுத்துண்டிருக்கேன். அன்னிக்குச் சாதம் இறங்கலை எனக்கு.

உடனே முடிவு பண்ணிட்டேன். நகுலைக் கட்டிண்ட நம்ம நாட்டுப்பெண் ஹரிதா வாஷியில ஒரு விளம்பரக் கம்பெனியில சோஷியல் மீடியா பார்க்கறா, அவ ஆபீஸ்ல சென்னை–மும்பை மாட்சுக்கு ரெண்டு பாஸ் கொடுத்தா. நடைபாதையில மஞ்சள் சட்டை வாங்கினேன். கன்னத்துல மஞ்சள் பெயிண்ட், கைல மஞ்சள் கொடி, தலைல மஞ்சள் பட்டை. உள்ள? நீலப் பனியன். பத்மஜாவுக்குக்கூட விஷயம் சொல்லலை, சொன்னா பலிக்காதே. அவ என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, "இந்த வயசுல இது என்ன வேஷம்? சஷ்டியப்தபூர்த்திக்கு மாலை போட்டுக்கவே அழுதேள்"ன்னா. ஊருக்காகப் பண்ற தியாகம் பொண்டாட்டிக்குப் புரியாதுன்னு கொடியைச் சுருட்டிண்டு லோக்கல் ஏறினேன். ட்ரெயின் பூரா நீலச் சட்டை. ஒரு பொடியன், "அங்கிள், தப்பான கம்பார்ட்மெண்ட்"ன்னான். சிரிச்சுண்டே நின்னேன், மனசுக்குள்ள உனக்காகத்தான்டா கொழந்தேன்னு சொல்லிண்டேன். மத்தியான மாட்ச், வெயில்ல பெயிண்ட் உருகறது, நான் கொடியை ஆட்டறேன், மஞ்சள் விக்கெட் விழறது. ஆட்ட ஆட்ட விழறது! என் வாழ்க்கையில இவ்வளவு உபயோகமா ஒரு காரியம் பண்ணினதில்லைன்னு தோணித்து. கடைசி ஓவர்ல மஞ்சளுக்குப் பதினஞ்சு வேணும், நிக்கறது கடைசி ஜோடி, அதுல ஒருத்தன் வெறும் பௌலர். அந்தப் பௌலர் பயல் கடைசிப் பந்தைத் தூக்கி அடிச்சான். பந்து கயித்தைத் தாண்டிடுத்து, மஞ்சள் ஜெயிச்சாச்சு.

அந்த நொடியில என்னைக் கேமரா பிடிச்சுடுத்து. நான் குதிச்சது சந்தோஷத்துல இல்லை, பக்கத்து ஆள் என் காலை மிதிச்சுட்டான். கண்ணுல வந்தது பெயிண்ட் பட்ட எரிச்சல். வாயைப் பிளந்து கத்தினேனே, அது "அய்யோ போச்சே"! ஆனா டி.வி.யில சத்தம் எங்கே கேக்கறது, நாதஸ்வரத்தையும் டிரம்மையும் கலந்து ஒரு பாட்டைப் போட்டு, கீழே "மண்ணை மறக்காத மாதுங்கா மாமா"ன்னு எழுதி எவனோ விட்டுட்டான். ஒம்போது செகண்ட் வீடியோ, பதினாலு லட்சம் பேர் பார்த்தாச்சுன்னு ஹரிதா சொல்றா. முப்பத்தொரு வருஷம் ஒழுங்கா ஆபீஸ் போனேன், ஒருத்தன் பார்க்கலை.

மறுநாள் கீழே இறங்கறேன், சொசைட்டி செக்ரெட்டரி சாய்நாத் நிக்கறான். தெரியுமே உங்களுக்கு, அசல் மராட்டிக்காரன், என்னோட சேர்ந்து பதினாறு வருஷமா நீலத்துக்குக் கத்தினவன். "காகா, ஆப் பீ?" அவ்வளவுதான் கேட்டான். மாமா, நீங்களுமான்னு அர்த்தம். திட்டியிருந்தாக்கூடத் தேவலை. மேல வந்து போனைப் பார்க்கறேன், பில்டிங் கிரிக்கெட் குரூப்லேர்ந்து என்னை எடுத்துட்டான். குரூப்பை ஆரம்பிச்சவனே நான்! ஹால்ல திரை கட்டி மாட்ச் போடறச்சே முதல் வரிசையில என் பிளாஸ்டிக் நாற்காலி இருக்குமே, அது வாட்ச்மேன்கிட்டப் போயிடுத்து. நீங்க சொன்ன அதே ஞாயித்துக்கிழமை மாட்சுக்கு எல்லார் முன்னாடியும் நீலச் சட்டையில வந்து நின்னா மன்னிக்கலாம்னு தீர்மானமாம். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கோயில் வாசல்ல பூ விக்கறாளே சண்முகவடிவு, திருநெல்வேலிக்காரி, தாராவிலேர்ந்து வரவ, "மாமா, பொளந்து கட்டிட்டீயள்லா!"ன்னு ரெண்டு முழம் சாமந்தி சும்மா கொடுத்தா. அவ தெருப் பசங்க ஸ்கூட்டர்ல மூணு பேரா வந்து, "மாமா, ஒரேயொரு தடவ குதிங்க, ரீல் எடுக்கணும்"னா. வாசல்ல வந்து நிக்கற கொழந்தைகளை எப்படி வெறுங்கையோட அனுப்பறது? குதிச்சேன். வெளிச்சம் சரியில்லைன்னா, மறுபடி குதிச்சேன். அஞ்சு குதி. முழங்கால் போனது அதுலதான்.

இதுக்கு நடுவுல ஹரிதா ஒரு மஞ்சள் பொடி கம்பெனிக்காரனைக் கூட்டிண்டு சான்பாடாவிலேர்ந்து வந்துட்டா. நான் அதே சட்டையில, அதே மாதிரி குதிக்கணுமாம், குதிச்சு இறங்கறச்சே கைல பொடி பாக்கெட் இருக்கணுமாம். "கிரிக்கெட்டுக்கும் மஞ்சள் பொடிக்கும் என்னப்பா சம்பந்தம்?"னு கேட்டேன். "அங்கிள், நீங்கதான் சம்பந்தம்"ங்கறான். "அப்பா, இது ஆர்கானிக் ரீச்"னா ஹரிதா, காசு கொடுக்காம தானாப் பரவறதுக்கு அப்படிப் பேராம். நகுல் சோபால படுத்துண்டு, "மஜா கரோ அப்பா, உங்க வயசுல யாருக்கு இந்த சான்ஸ் கிடைக்கறது"ங்கறான். நான் எழுந்து நின்னு சொன்னேன்: என் அபிமானம் விலைக்கில்லை, அதுவும் பொய் அபிமானத்தை விக்கறதுங்கறது மகா பாவம். வந்தவனுக்குப் பத்மஜா காபி கொடுத்து அனுப்பினா. சொன்னதை நினைச்சா இப்பவும் நெஞ்சு நிமிர்றது அத்திம்பேர்.

ஆனா அந்த நெஞ்சு உங்க விஷயத்துல நிமிர மாட்டேங்கறது. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஃபைனல்ல உங்க மஞ்சள் தோத்த அன்னிக்கு, உங்களுக்கு போன் போட்டு, ஹலோன்னுகூடச் சொல்லாம பூஜை ரூம் சங்கை எடுத்து ஊதினேனே. வெற்றிச் சங்குன்னு நினைச்சுண்டு ஊதினேன். நீங்க ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து நாலு நாள்தான் ஆச்சு, ஸ்டென்ட் வச்ச உடம்பு, அந்த நேரத்துல காதுல சங்குச் சத்தம்னா மனுஷனுக்கு எப்படி இருக்கும்னு இந்த மூளைக்கு ஏறலை. அக்கா மாசாமாசம் பேசுவா, பின்னால நீங்க செருமற சத்தம் மட்டும் கேக்கும். நேத்திக்குத்தான் பேசினேள். பேசவச்சது ஒரு வேஷம். அந்த வேஷத்தோட உங்க பக்கத்துல உக்காந்து பதினஞ்சு நாள் சாப்பிட எனக்குத் தைரியம் இல்லை. அதனால எழுதிட்டேன். உங்க மைத்துனன் நீலம். சங்குக்கு மன்னிப்புக் கேட்டுக்கறேன், நீலத்துக்குக் கேக்க மாட்டேன். டிக்கெட்டைக் கேன்சல் பண்றதுன்னா பண்ணிக்கோங்கோ. ஒண்ணு மட்டும் யோசியுங்கோ, உங்களுக்கு எழுபத்தாறு, எனக்கு அறுபத்தெட்டு, இன்னொரு பதினோரு வருஷம் பேசாம இருக்க நம்ம ரெண்டு பேருக்குமே கட்டுப்படியாகாது.

அக்காவுக்கு என் நமஸ்காரம். ஃபிரிட்ஜில் இருக்கும் என்னை எடுத்துவிட்டால் கிழிக்காமல் டிராயரில் வைக்கச் சொல்லவும். தங்கள் பதிலுக்குத் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கும்,

தங்கள் விதேய மைத்துனன்,
பஞ்சாபகேசன்
(நீலம்)

பி.கு.: ஒட்டறதுக்கு முன்னாடி பத்மஜா இதை வாங்கிப் படிச்சுட்டா. அன்னிக்கு ஸ்டேடியத்துல என் பக்கத்து சீட்டுல உக்காந்திருந்தது அவதான். "காலை மிதிச்சது யாரு, நானா? எழுதினதுதான் எழுதினேள், வாயிலேர்ந்து வந்ததை எழுத வேண்டாமா?"ன்னு கேக்கறா. அதனால சொல்லிடறேன். காலை ஒருத்தரும் மிதிக்கலை. கண்ணுல பெயிண்ட் போகலை. "அய்யோ போச்சே"ன்னும் கத்தலை. அந்தப் பந்து கயித்தைத் தாண்டின நொடியில நோட்டுப் புஸ்தகம், பனியன் எல்லாம் மறந்து போயிடுத்து. நங்கநல்லூர்ல சோபாலேர்ந்து எழுந்து நீங்க குதிச்சிருப்பேளேன்னு ஒண்ணுதான் தோணித்து. சந்தோஷம் தாங்கலை. "ஜெயிச்சுட்டேள் அத்திம்பேரே!"ன்னுதான் கத்தினேன், பத்மஜா சாட்சி. வெள்ளிக்கிழமை தாதர் பிளாட்பாரத்துல நிப்பேன், மஞ்சள் சட்டையிலதான். உள்ள என்ன பனியன்னு மட்டும் கேக்காதேங்கோ.