பாட்டுக்கு முன் ஒரு வார்த்தை

இசையை உலகுக்கு எடுத்துச் செல்பவர் என்று ஓர் இனம் உண்டு. மாலி நாட்டின் பாமகோ நகரில் தெருவுக்கு ஒருவர் தேறுவார். மண்சாயத் துணியில் அங்கி, அதே துணியில் தொப்பி, அதே துணியில் கைபேசிக்கு உறை. எந்தக் கச்சேரியிலும் முதல் வரிசையில் இருப்பார், மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் முகத்தையும் சேர்த்துப் படம்பிடித்தபடி. ஒரு பாட்டையாவது முழுசாகக் கேட்டிருக்கிறாரா? கேட்க உட்கார்ந்தால் பரப்புகிற வேலையை யார் பார்ப்பது?

நியாமா சுமானோவுக்கு வாய்த்தவர் பூரேமா கொனாத்தே. நியாமா பரம்பரைப் பாடகி. கல்யாண வீட்டில் ஒருவருடைய வம்சத்தைப் பேர் சொல்லிப் பாடினால் கல்மனசுக்காரனும் எழுந்து நின்று கண்ணைத் துடைப்பான். வெளிநாட்டு விழா ஒன்றுக்கு ஆள் பொறுக்க இருவர் வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் அவள் குரல் முதன்முதலாகக் கடல் தாண்டும்.

"அக்கா, பேர் சொல்லிப் பாடுறதெல்லாம் வேணாம். யாரோட தாத்தா யாருன்னு அவங்களுக்கு என்ன தெரியும்?"

"பேரை எடுத்துட்டா மிச்சம் இருமல்தான் கொனாத்தே. உங்கள மாதிரி பிரபு வம்சத்து ஆளுங்க காதோட சொல்லுவாங்க, பாடகர் வம்சத்து ஆளுங்க நாங்க அதை ஊருக்குச் சொல்லுவோம். அதானே முறை? பேசாம உக்காருங்க."

"ஒரே ஒரு வார்த்தை. அறிமுகம் இல்லாம எப்படி?"

அந்த இருவரும் வந்து உட்கார்ந்ததும், அந்த ஒரு வார்த்தைக்காக எழுந்தார். அசலாக இருக்கட்டுமென்று வந்தவர்களுக்குப் புரியாத பம்பரா மொழியிலேயே ஆரம்பித்தார். பேரரசு, ஆன்மா, தொன்மை, மறுபடியும் ஆன்மா. பெரியவர் பேசினால் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒருவர் 'நாமு' என்று ஆமோதிப்பது அங்கே மூச்சு விடுவதுபோல. கோரா யாழை மடியில் வைத்திருந்த துமானி பழக்கத்தில் ஆமோதித்தான். விரலும் தானாக மீட்டியது.

"நாங்கள் தூங்கவில்லை."

"நாமு."

"உலகமே, செவி கொடு."

"நாமு."

நியாமா தொண்டையைச் செருமினாள். மறுபடியும் செருமினாள். வந்தவர்கள் அதற்கும் தலையாட்டினார்கள். பேச்சு முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டி, எல்லோருடைய கையையும் குலுக்கி, நெகிழ்ந்து, வண்டியேறிப் போய்விட்டார்கள். நிகழ்ச்சி முடிந்ததாகவே நினைத்தார்கள்.

மறுநாள் பதில் வந்தது. தேர்வானவர்கள் இருவர்: யாழ்க்காரரும், அந்த அற்புதமான கதைப்பாடகரும்.

"நீங்க பாடவே இல்லியே கொனாத்தே."

"அதை இப்பச் சொன்னா அவங்க மனசு சங்கடப்படும் அக்கா. நீங்களும் வரலாம். பின்னாடி உக்காந்து நாமு போட இன்னொரு ஆள் இருந்தா நல்லாருக்கும்னு நானே கேட்டு வச்சிருக்கேன்."

"எங்க ஆளுங்க வாய்வழியா வந்த பேரு உங்களுது. அந்த வாய்க்கே பூட்டா?" என்றாள். போகவில்லை. பூரேமா போனார். அங்கே அவர் மூன்று ஊர்களில் பேசியதாகவும், மூன்று ஊர்களிலும் கேட்டவர்கள் அழுததாகவும் தகவல்.

நியாமாவுக்காக உச்சுக்கொட்டுகிறீர்கள். நல்லது. படித்த கையோடு மாலி நாட்டுப் பாட்டு ஒன்றைத் தேடியெடுத்து நண்பருக்குப் போட்டுக் காட்டுவீர்கள். குரல் மேலே ஏறும் இடத்தில் அவர் தோளைத் தட்டி, "இங்க கவனி, இதோட பின்னணி என்னன்னா" என்று தொடங்குவீர்கள்.

நண்பர் பாவம், 'ம்' கொட்டுவார்.