சேற்றுத் துரைக்கு ஒரு மீசை

பிசாசோடு பேரம் பேசி, பிசாசையே கெஞ்ச வைத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் ஆக்லாந்தில், மவுண்ட் ரோஸ்கில்லில், என் பக்கத்து அறையில் குடியிருந்தார். பென்ரோஸில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அவருடைய சொந்தப் பெயரை நான் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை. எல்லாருக்கும் அவர் நேர்த்தி அண்ணை.

நம் ஊரில் வேண்டுதல் என்கிறோமே, அதை யாழ்ப்பாணத்துக்காரர்கள் நேர்த்தி என்பார்கள். அண்ணை நேர்த்தி வைக்காமல் எந்தக் காரியத்திலும் இறங்கியதில்லை. ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ் கிடைப்பதற்காக, டெய்ரி என்கிற தெருமுனைக் கடையில் சுடச்சுட விற்கும் மின்ஸ் பையை, அதாவது கொத்துக்கறி அடைத்த பணியாரத்தை, ஒரேயடியாக விட்டார். அது என்றால் அவருக்கு உயிர். அவருடைய ஓட்டைக் கார், ரோட்டில் ஓடத் தகுதி பார்க்கும் வாரண்ட் சோதனையில் தேறினால் தேங்காய் உடைப்பதாக ஒரு நேர்த்தி. கார் தேறிவிட்டது, எப்படி என்று எனக்கு இன்னும் புரியவில்லை. வீட்டு வாசலில் காருக்கு முன்னால் தேங்காயை ஓங்கி அடித்தார். பக்கத்து வீட்டு டோங்கா தீவுக்கார அம்மா வேலியோரம் வந்து, "நல்ல தேங்காயை ஏன் தரையில் அடிக்கிறான்?" என்று என்னிடம் விசாரித்தார். சாமிக்கு என்றேன். "சாமி சாப்பிட்டு முடித்தாரா?" என்று கேட்டுவிட்டு, சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டு போனார். சாயங்காலம் தேங்காய்ப்பாலில் வெந்த கீரை ஒரு சட்டி வந்தது.

"பாத்தீரோ தம்பி, உடைச்சது வீண் போகேல்லை" என்றார் அண்ணை, சோற்றில் அதைப் பிசைந்தபடி.

டீயிலும் சீனி கிடையாது. நான் திருச்சியிலிருந்து வந்து சேர்ந்த புதிதில் மூன்று கரண்டி போட்டுக் கலக்கோ கலக்கென்று கலக்கியவர்தான். நான் வேலை தேடி எல்லர்ஸ்லி ஆபீஸ்களில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த சமயத்தில் திடீரென்று நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டால், "அது வேற விசயம், உமக்கென்னத்துக்கு?" என்று வாயை அடைத்துவிடுவார். சரி, சர்க்கரை வியாதியாக இருக்கும், வெட்கப்படுகிறார் என்று நானும் விட்டுவிட்டேன்.

இந்தச் சில்லறை நேர்த்திகளுக்கெல்லாம் மேலே பெரிய நேர்த்தி ஒன்று இருந்தது. அவர் மனைவி கொழும்பில், உறவுக்காரர் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தார். கல்யாணமான சூட்டோடு அண்ணை அகதியாகக் கிளம்பி, இங்கே வந்து, தங்க அனுமதி வாங்கி, மனைவிக்கு விசா கேட்டு வருஷங்கள் ஓடிவிட்டன. என்ன பேச்சு எடுத்தாலும் அது விசாவில்தான் வந்து நிற்கும். ஆக்லாந்தில் இருந்த கோயில், மசூதி, சர்ச் ஒன்றையும் அவர் விட்டுவைக்கவில்லை.

எங்கள் வீட்டில் மூன்றாவது ஆள் ஸ்டீவன். மலேசியாக்காரன், ஈப்போ பக்கம், பேச்சின் வாலில் ஒரு 'லா' ஒட்டிக்கொண்டே வரும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போவான். திரும்பி வந்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்து, சமையலறை மேஜையில் பரப்பிவிட்டு, பிசாசாக மாறிவிடுவான்.

பயப்பட வேண்டாம், அது ஒரு விளையாட்டு. பலகை, காய் எதுவும் கிடையாது. ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம். குகைக்குள் போகலாம், பூதத்தோடு சண்டை போடலாம். நாம் செய்வது பலிக்குமா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு தாயக்கட்டை முடிவு செய்யும். இருபது விழுந்தால் ராஜயோகம், சின்ன எண் விழுந்தால் சங்குதான். ஸ்டீவன் கதை சொல்வான். நான் கோடாலி தூக்கிய குள்ளன். அண்ணைக்கு மந்திரவாதி வேஷம். அந்த மந்திரவாதிக்குச் சொந்தமாக ஒரு வித்தையும் தெரியாது. ஏதாவது ஒரு பெரிய சக்தியோடு உடன்படிக்கை போட்டு, அது கொடுக்கிற பலத்தில் பிழைப்பை ஓட்ட வேண்டும்.

அந்தப் பெரிய சக்திதான் சதுப்பு நிலத்தின் அதிபதி. ஆங்கிலத்தில் அதற்கு வாயில் நுழையாத பெயர் இருந்தது. அண்ணை அதைச் சேற்றுத் துரை ஆக்கிவிட்டார்.

முதல் நாள் ஸ்டீவன் போர்வையைத் தலைவழியே போர்த்திக்கொண்டு, ரேடியோ நாடகக் குரலில், "மானிடனே, உன் ஆத்மாவைக் கொடு. உனக்கு நெருப்பைத் தருகிறேன்" என்றான்.

"முதல்ல நெருப்பைத் தாரும் துரை. காரியம் ஆகட்டும், பிறகு செய்யவேண்டியதைச் செய்வம்" என்றார் அண்ணை.

போர்வை விலகியது. "அண்ணே, அப்படி இல்லலா. பிசாசுக்கு முதல்ல கொடுக்கணும். அதுதான் ரூல்."

"என்ன கதை இது? பிள்ளையாரே காரியம் முடிஞ்சாப் பிறகுதான் தேங்காய் வாங்குறார். இவர் ஆர், பிள்ளையாரை விடப் பெரிய ஆளோ?"

ஸ்டீவன் ரூல் புத்தகத்தைப் புரட்டினான். அதில் பிள்ளையாரைப் பற்றி ஒன்றும் இல்லை.

"சரி, ஆத்மாவெல்லாம் விலை கூடிப்போச்சு" என்று அண்ணையே ஒரு படி இறங்கி வந்தார். "ஒரு பானை சக்கரைப் பொங்கல் பொங்கிப் படைக்கிறன்."

"சதுப்பு நிலத்துப் பிசாசு பொங்கல் சாப்பிடாதுலா, அண்ணே."

"உமக்கெப்பிடித் தெரியும்? ஆரும் குடுத்துப் பாத்தவையோ?"

அரைமணி நேர இழுபறிக்குப் பிறகு, பொங்கலுக்கு நெருப்பு என்று முடிவானது. அண்ணை அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே பொங்கி, தட்டில் வைத்துக் கொண்டுவந்து ஸ்டீவன் முன்னால் நின்றார். துரை சார்பில் ஸ்டீவன் சாப்பிட்டான், இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினான்.

கொஞ்ச நாளில் அண்ணை துரைக்குத் தெரியாமல் ஒரு வனதேவதையோடும், கடலுக்கடியில் தூங்கும் ஏதோ ஒரு பூதத்தோடும் தனித்தனியே ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். ஸ்டீவன் தலையில் கை வைத்தான். "ஒரு ஆளுக்கு ஒரு சாமிதான் அண்ணே."

"ஒண்டை மட்டும் நம்பியிருந்து, அது லீவில போயிட்டுதெண்டால் நான் என்ன செய்யிறது?"

இப்படிச் சிரித்துக்கொண்டே போன விளையாட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாறிப்போனது. அந்த வாரம் கொழும்பில் அண்ணையின் மனைவியை, எங்களுக்கு அவர் அக்கா, விசா நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நிஜக் கல்யாணம்தானா என்று துருவித் துருவிக் கேட்டார்களாம். புருஷனுக்கு என்ன அடையாளம் என்றதற்கு, பதற்றத்தில் ஒன்றும் ஓடாமல், "பெரிய மீசை" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து போனில் அழுதிருக்கிறார். பொய்யில்லை. அண்ணையின் மீசை அப்படிப்பட்டது. அவர் வருவதற்கு முன்னால் அது வந்துவிடும்.

அன்றைக்கு வெளியே மழை. சேற்றுத் துரை வழக்கம்போலப் போர்வைக்குள்ளிருந்து, "மானிடனே, உனக்கு என்ன வேண்டும்?" என்றார்.

அண்ணை மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவளுக்கு விசா குடும்."

ஸ்டீவன் போர்வையை எடுத்தான். "அண்ணே, அது கேம்ல இல்லை."

"நான் உம்மைக் கேக்கேல்லை, துரையைக் கேட்டனான். கிடைச்சால் என்ர மீசையைத் தாறன்."

"துரைக்கு மீசை வேண்டாம் அண்ணே."

"வேண்டாம் எண்டு சொல்லாதையும். சொன்னால் காரியம் நடவாது. உருட்டும்."

ஸ்டீவன் என்னைப் பார்த்தான். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கெட்டிலைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் அவன் உருட்டினான். தாயக்கட்டை மேஜையைத் தாண்டி விழுந்து, ஓடிப்போய் சோபாவுக்கு அடியில் புகுந்துகொண்டது. ஸ்டீவனும் நானும் மண்டியிட்டு, கன்னம் கார்பெட்டில் பட எட்டிப் பார்த்தோம். நாலு. பளிச்சென்று நாலு.

ஸ்டீவன் அதைக் கையில் பொத்திக்கொண்டு எழுந்தான். "இருபது அண்ணே" என்றான்.

அண்ணை கண்ணை மூடிக் கும்பிட்டார். நானும் தலையை ஆட்டிவைத்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் தூக்கம் போய்விட்டது. விசா வராவிட்டால் இந்த மனிதர் என்ன ஆவார் என்கிற கவலை ஒரு பக்கம். துரை பெயரில் பொய் சொல்லிவிட்டோமே, அது விசாவையே கெடுத்துவிடுமோ என்கிற பயம் இன்னொரு பக்கம். சிரிக்காதீர்கள், அந்த வீட்டில் இருந்திருந்தால் நீங்களும் பயந்திருப்பீர்கள். "ஃபாதர்கிட்ட பாவமன்னிப்புக் கேட்டுடலாம்னு பார்த்தேன்லா" என்றான் ஸ்டீவன். "நான் பிசாசு, ஆனா பொய் சொல்லிட்டேன்னு எப்படி ஆரம்பிக்கிறது?" அண்ணையோ நிம்மதியாக, துரைக்கு இருபது விழுந்ததைக் கிடங்கு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒரு சனிக்கிழமை காலை போன் அடித்தது. எடுத்தேன். கொழும்பு. "அவரைக் கூப்பிடுங்கோ தம்பி" என்றார் அக்கா. அண்ணை வந்து வாங்கினார். "ஓம்" என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு "ஓம்." போனை வைத்தார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பாத்ரூமுக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

ஸ்டீவன் கையில் வைத்திருந்த டோஸ்ட்டை அப்படியே கீழே வைத்தான். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அழுகிறார் என்றே நினைத்தோம். கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று நாங்கள் நிற்கும்போது கதவு திறந்தது.

மீசை இல்லை. அந்த இடம் மட்டும் வெள்ளை வெளேரென்று, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு.

ஸ்டீவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்பாடா என்று ஒரு வார்த்தை தமிழில் இருக்கிறதே, அதை அன்றைக்கு நான் சொல்லித் தீர்த்த மாதிரி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நிதானம் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. "அண்ணே, அக்கா உங்க அடையாளமா மீசையைத்தானே சொல்லியிருக்காங்க?"

"அது விசாவுக்குச் சொன்னது. விசாதான் வந்திட்டுதே" என்றார்.

ஏர்போர்ட்டுக்கு மூவரும் போனோம். பிளேன் வந்து வெகுநேரமாகியும் அக்காவைக் காணோம். "உள்ளுக்கை மறிச்சு வைச்சு மீசையைப் பற்றி ஏதும் கேக்கினமோ?" என்று அண்ணை வெறும் உதட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். ஒருவழியாக அக்கா தள்ளுவண்டியோடு வெளியே வந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அண்ணையைப் பார்த்தார். தாண்டிப் போய்விட்டார்.

அத்தனை வருஷமாகப் பேசப் பேச்சைச் சேர்த்து வைத்திருந்த மனிதர், கண்ணில் தண்ணீர் கொட்ட, சிலையாக நின்றார். அக்கா என்னிடம் வந்தார். "தம்பி, நீங்கள் தமிழோ? இஞ்சை பெரிய மீசையோட ஒருத்தர் நிண்டதைக் கண்டனீங்களோ?"

"இஞ்சேரும்" என்று பின்னாலிருந்து அக்காவைக் கூப்பிடும் ஒரு கம்மிய சத்தம் வந்தது.

அக்கா திரும்பினார். கிட்டப் போய், அந்த வெள்ளை இடத்தை விரலால் தொட்டார். என்ன ஆச்சு, ஏன் இப்படி என்றெல்லாம் கேட்கவில்லை. "எந்தக் கோயிலுக்கு?" என்றார்.

அண்ணை கையை நீட்டி ஸ்டீவனைக் காட்டினார். "இவருக்கு."

பெட்ரோல் ஸ்டேஷனில் வாங்கிய பூங்கொத்தோடு நின்ற ஸ்டீவனைப் பார்த்து, அக்கா கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையும் கூப்பிக் கும்பிட்டார். ஸ்டீவன் பதறிப் போனான். "ஐயோ அக்கா, நான் சர்ச்சுக்குப் போறவன்லா."

"அதுக்கென்ன தம்பி, அந்தோனியாரையும் கேட்டனான்தான்."

காரில் அவர்கள் இருவரும் முன்னால். பின்சீட்டில் ஸ்டீவன் என் காதருகே வந்து, "நாலுதானே விழுந்துச்சு?" என்றான். அன்றைக்கு நான் கண்ணாடி போடவில்லை, எதுவும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும், உட்காருங்கள் என்று நாங்கள் சொல்லச் சொல்ல, அக்காவே கெட்டிலைப் போட்டு டீ கலந்தார். அண்ணையின் கோப்பையில் மூன்று கரண்டி சீனி போடப் போனபோது அண்ணை கையால் மறித்தார். "சீனி விட்டிட்டன்."

"எனக்காகவோ?"

"இல்லையப்பா. இவருக்கு எல்லர்ஸ்லி வேலை கிடைக்கவேணும் எண்டு" என்று என் பக்கம் தலையை ஆட்டிவிட்டு, மிக்ஸர் பாக்கெட்டைப் பிரிக்க ஆரம்பித்தார்.

அந்த வேலை என் ஆங்கிலத்துக்கும், கடன் வாங்கிக் கட்டிப்போன டைக்கும் கிடைத்தது என்று அதுவரை நான் மார்தட்டிக்கொண்டிருந்தேன். அக்கா என்னிடம் கோப்பையை நீட்டினார். சீனி தூக்கலாக இருந்தது.

அந்த ஆபீஸை விட்டு நான் வந்து எத்தனையோ காலமாகிறது. இன்றுவரை அண்ணையிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் எனக்காக ஒரு நேர்த்தி வைத்துவிடுவார். விடுவதற்கு இனி அவரிடம் உப்பு ஒன்றுதான் மிச்சம்.