கடைசி ஸ்டாப்புக்கு முன்னாடியே எறங்குனவன்

என் பொஞ்சாதி செங்கமலத்த எட்டு நாளாவது ஏங்க வைக்கிறதுன்னு, மாசி மாசம் ஒரு திங்கக்கெழம காலையில, எருமைக்குத் தண்ணி காட்டிக்கிட்டே முடிவு பண்ணேன்.

எதுக்குன்னு கேப்பீங்க. சொல்றேன். பெரம்பலூரு–அரியலூரு லைன்ல இருவத்தெட்டு வருசம் கண்டக்டரு நானு. பஸ்ஸுல அறுவது பேரு ஏறுனா அறுவது பேரும் என் வாயத்தான் பாப்பாங்க. கோழியக் கூடையில மறைச்சுக் கொண்டார கெழவி எப்புடிப் பேசும், சில்லற இல்லன்னு வாத்தியாரு எப்புடி இழுப்பாரு, தூங்கி முழிச்சவன் எந்த ஊருன்னு எப்புடிக் கேப்பான், அம்புட்டும் குரல் மாத்திப் பேசுவேன். ஸ்டாப்பு வந்தாலும் எறங்க மாட்டாங்க.

ரிட்டையராகி மூணு மாசமாச்சு. இப்ப குரும்பலூரு வூட்டுல எனக்கு ரெண்டே பாசெஞ்சரு. ஒண்ணு செங்கமலம், இன்னொண்ணு எரும. எரும பேரு வெள்ளையம்மா. நெறம் தாருரோடு. அதுவாச்சும் நான் பேசுனா காத ஆட்டும். செங்கமலம் அதுவும் ஆட்டாது.

"செங்கமலம், கேட்டியா. டெல்லியில பனி கொட்டுதாம். பேப்பர்ல போட்டுருக்கான்."

"ம்."

"மூணு ரயிலு நின்னு போச்சாம்."

"ம்."

"அதுல ஒரு ரயிலுல நம்ம வெள்ளையம்மா போச்சாம்."

"வரும்போது தவுடு வாங்கியாரச் சொல்லுங்க."

இதான் எங்க வூட்டு நெலம. பேசி ஜெயிக்கவும் முடியாது, பேசாம இருக்கவும் முடியாது.

அந்தத் திங்கக்கெழம விடிஞ்சதும் செங்கமலமே வாயத் தொறந்துச்சு. "ஊர்ல டூரு பஸ்ஸு கெளம்புது. ஞாயித்துக்கெழம. ராமேஸ்வரம், கன்னியாகுமரி, எட்டு நாளு. பூமால, கொளஞ்சியம்மா எல்லாம் பேரு குடுத்துட்டாங்க. நானும் போயிட்டு வரட்டுங்களா?"

"பஸ்ஸுல என்ன இருக்கு? நான் பாக்காத பஸ்ஸா?"

"நீங்க பாத்தீங்க. நான் எங்க பாத்தேன்? இருவத்தெட்டு வருசத்துல ஒரு நா என்ன ஏத்திக்கிட்டு எங்கியாச்சும் போனீங்களா?"

"எரும இருக்குல்ல."

"நீங்க இருக்கீங்கல்ல."

"ஒன்னத் தவுத்து அது யாருகிட்ட பால் சொரக்குது? பேசாம இரு."

பேசாம இருந்துச்சு. அதுதான் எனக்குத் தாங்கல. உண்மையச் சொல்றேன், எரும ஒரு சாக்கு. ம் சொல்லவாவது இருக்குற ஒரு பாசெஞ்சரும் எறங்கிப் போயிட்டா எட்டு நாளு அந்த வூட்டுல நான் என்ன பண்ணுவேன்? அத வாய்வுட்டுச் சொல்ல முடியுமா ஒரு ஆம்பள? அதான், நாம மொதல்ல கெளம்பிருவோம், அது ஏங்கட்டும்னு முடிவு.

வழி காட்டுனது ஜபருல்லா பாயி. என் பஸ்ஸு டிரைவரு. அவரும் ரிட்டையரு. லப்பைக்குடிக்காட்டுல வூடு. மறுநா அங்க போனேன். பையன் துபாயிலேருந்து கேசட்டு அனுப்பிருக்கான். காயிதம் எழுதச் சோம்பேறி, அதனால டேப்புல பேசி அனுப்பிருவான். வூடே டேப்பு மிசினச் சுத்தி ஒக்காந்துருக்கு. அதுலேருந்து அவன் கொரலு வருது. "உம்மா, நல்லாருக்கீங்களா. இங்க வெயிலு."

அம்புட்டுத்தான் சொன்னான். மொத்தக் குடும்பமும் தேம்பித் தேம்பி அழுவுது. அந்தப் பய இங்க இருந்து வெயிலுன்னு சொல்லிருந்தா, போயி நெழல்ல ஒக்காருடாம்பாங்க.

எனக்குச் சுருக்குனு ஏறிருச்சு. நேர்ல பேசுனா ம். டேப்புல பேசுனா அழுவ.

"பாய், அந்த மிசினுல நானும் பேசுறேன். நீங்க கொண்டுபோயி செங்கமலத்துக்குப் போட்டுக் காட்டணும்."

"நீ எங்க மாப்ள இருப்ப?"

"அரியலூர்ல, மவ வூட்டுல."

"குரும்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவுல கடலா இருக்கு? ஒரு விசில் தூரம்யா."

"தூரம் மனசுல இருக்கு பாய். பித்தான அமுக்குங்க."

பேசுனேன். "செங்கமலம், நான்தான். அரியலூரு வந்து மூணு நாளாச்சு. சோறு எறங்கல." நடுவுல ரெண்டு இருமல் போட்டேன். காசநோய்க்காரன் கெட்டான். அரியலூரு போறதுக்கு முன்னாடியே அரியலூர்ல சோறு எறங்கலன்னு பேசி முடிச்சாச்சு.

சாயந்தரமே பைய எடுத்தேன். "மவளப் பாத்துட்டு வரேன். எப்ப வருவேன்னு தெரியாது."

செங்கமலம் காலண்டரப் பாத்துச்சு. "ஞாயித்துக்கெழமைக்குள்ள வந்துருவீங்களா?"

"தெரியாதுன்னு சொல்றேன்ல."

"ம்," அப்புடின்னுச்சு.

அரியலூர்ல என் மவ கண்ணகி. மருமவனுக்கு சிமிண்டு பேக்டரியில வேல. அவரு ஷிப்டுக்குப் போயிருவாரு, புள்ளைங்க பள்ளிக்கூடம் போயிரும், கண்ணகி தையல் மிசினுல ஒக்காந்துரும். "அப்பா, கொஞ்சம் பேசாம இரு, அளவு தப்பிப் போவுது"ங்கும். நானும் கெளம்பி பஸ் ஸ்டாண்டுக்குப் போவேன். நம்ம பழைய பஸ்ஸு வரும். படிக்கட்டுகிட்டப் போயி நின்னா ஒரு சின்னப்பய கண்டக்டரு கேக்குறான், "பெரியவரே, ஏறுறீங்களா, வழிய வுடுறீங்களா?"

வழிய வுட்டேன். நாலு நாளும் வழியத்தான் வுட்டேன். கடைசியில நெசமாவே சோறு எறங்கல பாத்துக்குங்க.

சனிக்கெழம சாயந்தரம் பாய் வந்தாரு, மிசினோட.

"அழுதாளா பாய்?"

"முழுசும் கேட்டுச்சு மாப்ள. நீ இருமுற எடத்துல மட்டும், இது பொய் இருமலுன்னுச்சு."

"அப்பறம்?"

"அப்பறம் பதிலு பேசுச்சு. நானே புடிச்சுக் கொண்டாந்துருக்கேன்."

போட்டாரு. மொதல்ல கரகரன்னு சத்தம். அப்பறம் செங்கமலம், தாசில்தார் ஆபீஸ்ல மனு குடுக்குற மாதிரி. "நான்தாங்க பேசுறேன். இங்க எல்லாம் நல்லாருக்கு. கன்னுக்குட்டி நல்லாருக்கு. வெள்ளையம்மாவும் நல்லாருக்கு. ஏ வெள்ளையம்மா, வாடி, வாடி என் தங்கம், நில்லுடி என் கண்ணு, ஹை, ஹை, ஹை. அவ்ளோதாங்க."

கண்ணாலம் ஆயி முப்பது வருசம். ஒரு நா எனக்குத் தங்கம் இல்ல, கண்ணு இல்ல. எருமைக்கு ரெண்டும்.

ஆனா டேப்பு நிக்கல. ஓடுது. பாத்திரம் உருள்ற சத்தம். அப்பறம் தூரத்துலேருந்து செங்கமலம் கொரலு. இது மனுக் கொரலு இல்ல, வூட்டுக் கொரலு.

"என்னமோ பாய் அண்ணே. அவரு இல்லாம வூடே வெறிச்சோடிக் கெடக்கு. காலையில பேப்பரு படிக்க ஆளில்ல. நேத்து நானே எருமைகிட்ட ரயிலு கத சொன்னேன்."

மிசினுகிட்டக் காத வச்சேன். பாயப் பாத்தேன். அவரு கூரையப் பாக்குறாரு. "அடடா. பித்தான நிப்பாட்ட மறந்துட்டேன் போலருக்கு மாப்ள."

"போதும் பாய். எங்காதால கேட்டாச்சு. மொத பஸ்ஸுல கெளம்புறேன். மிசின் எங்கிட்ட இருக்கட்டும்."

"இன்னும் கொஞ்சம் இருக்குடா மாப்ள."

"எனக்கு இது போதும்."

"சரி, மிச்சத்த வூட்டுல போயிக் கேளு," அப்புடின்னாரு. ஏன் சிரிச்சாருன்னு அப்பப் புரியல.

ஞாயித்துக்கெழம காலையில குரும்பலூர்ல எறங்குறேன். நான் எறங்குன பஸ்ஸுக்கு எதுத்தாப்புல இன்னொரு பஸ்ஸு நிக்குது. முன்னாடி வாழக்கன்னு கட்டிருக்கு. உள்ள பூரா பொம்பளைங்க. மூணாவது சன்னல்ல, புதுச்சீல கட்டி, தலையில கனகாம்பரம் வச்சுக்கிட்டு என் செங்கமலம்.

"வந்துட்டீங்களா," அப்புடின்னுச்சு, கறிகாய்க்காரன் வந்த மாதிரி. "சாவி முருங்க மரத்துல தொங்குது. கொழம்பு அடுப்புமேல இருக்கு. எருமைக்குத் தண்ணி காட்டிட்டேன்."

"செங்கமலம், வூடு வெறிச்சோடிக் கெடக்குன்னியே."

"ஆமா. நீங்க போயி இருந்தாக் கெடக்காதுல்ல."

பூமாலையும் கொளஞ்சியம்மாவும் முந்தானையில வாய மூடிக்கிட்டுக் குலுங்குதுங்க. டிரைவரு திரும்பிப் பாக்குறான். எல்லாரும் ஏறியாச்சு, யாரும் விசில் ஊதல. பஸ்ஸு சும்மா உறுமிக்கிட்டு நிக்குது. எனக்கு அது பொறுக்காது. இருவத்தெட்டு வருசத்துப் பழக்கம். என் கை தானாப் போயி தகரத்துல ரெண்டு தட்டு தட்டுச்சு. என் வாயி தானா "ரைட், போலாம்"னுச்சு.

பஸ்ஸு போயிருச்சு. நானே அனுப்பி வச்சேன்.

வூட்டுக்குப் போனேன். பேப்பரு கெடந்துச்சு. சத்தமாப் படிச்சேன். செவுத்துல பட்டு எனக்கே திரும்பி வந்துச்சு. ம் சொல்லக்கூட ஆளில்ல.

சாயந்தரம் பால் கறக்கச் செம்பத் தூக்கிக்கிட்டு ஒக்காந்தேன். வெள்ளையம்மா ஒரு ஒத வுட்டுச்சு. செம்பு வேலியில போயி வுழுந்துச்சு. செங்கமலம் மாதிரி கொரல மாத்தி, வாடி தங்கம்னேன். அறுவது பாசெஞ்சர ஏமாத்துன கொரலு. எரும திரும்பிப் பாத்துட்டு இன்னொரு ஒத வுட்டுச்சு.

அப்பத்தான் மிசின் ஞாபகம் வந்துச்சு. கொண்டாந்து தொழுவத்துல வச்சுப் போட்டேன். வாடி என் தங்கம், நில்லுடி என் கண்ணு, ஹை, ஹை, ஹை. வெள்ளையம்மா காத ஆட்டுச்சு. நின்னுச்சு. பாலு சர்ருசர்ருன்னு எறங்குது. எனக்கோ ரெண்டு கையும் மடியில. நிப்பாட்ட முடியல. டேப்பு ஓடுது. வூடே வெறிச்சோடிக் கெடக்கு, ரயிலு கத, எல்லாம் போச்சு. நான் சனிக்கெழம எறங்குன ஸ்டாப்பு அது. வண்டி அதத் தாண்டியும் ஓடுது.

"போதுமா பாய் அண்ணே?" இது செங்கமலம்.

"போதும் தங்கச்சி. இதுக்கே அவன் மொத பஸ்ஸுல ஓடியாந்துருவான்."

"அவருக்குக் கேக்கல அண்ணே. அவரு எப்புடியும் வந்துருவாரு. எருமைக்குப் போதுமான்னு கேட்டேன். எட்டு நாளு எங்கொரலு இல்லன்னா அதுதான் பாவம், ஏங்கிப் போயிரும்."