எட்டு நிமிடம் முந்திய நோன்பு

திருடியவனைக்கூட ஊர் ஒருநாள் மன்னித்துவிடும். நோன்பைக் கெடுத்தவனை மன்னிக்காது. இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு ரமழான் மாலையில், நல்ல வெளிச்சம் இருக்கும்போதே, எங்கள் ஊர் முழுவதையும் நோன்பு திறக்க வைத்தவன் நான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. படித்திருந்தேன், அவ்வளவுதான்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. கிழக்குக் கரையில் நான்கு வருடம் பொறியியல் படித்து முடித்து, கொழும்பில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. (அந்த ஆறு மாதத்தை 'இண்டஸ்ட்ரி அனுபவம்' என்று கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.) எங்கள் ஊர் மேற்குக் கரையில், கற்பிட்டிப் பக்கம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் தென்னை. உம்மாவின் தம்பி ஹனிபா மாமா பள்ளிவாசல் தலைவர். மருமகன் படித்த படிப்பு பள்ளிக்கு உதவ வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. எனக்கோ அதைவிடப் பெரிய ஆசை.

நான் செய்து கொடுத்தது உள்ளங்கை அளவான ஒரு லினக்ஸ் போர்ட். அது ஒரு திரையில் மணியையும் ஐந்து வேளைத் தொழுகை நேரத்தையும் காட்டும். சூரியன் மறைந்து மஃரிப் நேரம் வந்ததும் தானாகவே சைரனை ஊதும். படிக்கும் காலத்தில் எங்கள் அறைக்குப் பக்கத்துப் பள்ளிக்காகச் செய்து பார்த்த அதே போர்ட். அதுவரை சைரனுக்குப் பொறுப்பு மோதினார் ஸாலிஹ் நானா. சுவரில் தொங்கிய நேர அட்டவணையைப் பார்ப்பார், சுவிட்சை அழுத்துவார், பாங்கு சொல்வார். மாமா அந்த அட்டவணையைக் கழற்றிவிட்டு அதே ஆணியில் என் திரையை மாட்டினார். ஸாலிஹ் நானா கழற்றிய அட்டவணையைச் சுருட்டி எடுத்துக்கொண்டார். அவர் அதிகம் கதைக்கிற ஆள் இல்லை.

ஒன்பது நோன்பு ஒரு குறையும் இல்லாமல் போனது. பத்தாவது நோன்பன்று காலையில் கரண்ட் நின்று நின்று வந்தது. லீவில் வீட்டில் படுத்திருந்த எனக்கு மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஸாலிஹ் நானா போன் எடுத்தார்.

"தம்பி, ஒங்கட சாமான் கண்ணத் தொறக்குது இல்ல."

"லைட் எரியுதா நானா?"

"செவப்பு ஒண்டு எரியிது. அதோட நிக்கிது."

அதைக் கேட்டதும் எனக்கு நோய் விளங்கிவிட்டது. பூட்லோடர். போர்டுக்குக் கரண்ட் வந்ததும் முதலில் விழிக்கும் சிறிய புரோகிராம் அது. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு ஊரை எழுப்ப ரபான் பறையைத் தட்டிக்கொண்டு வரும் பாவாவைப் போல, அவர் எழும்பி வந்து தட்டினால்தான் லினக்ஸ் எழும்பும், மணிக்கூடு எழும்பும், சைரன் எழும்பும். பாவா தூங்கிப்போனால் ஊருக்கு ஸஹர் இல்லை. பாவாவை எழுப்ப லெப்டொப்பையும் ஒரு வயரையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

அந்த வயர் வழியாக பூட்லோடர் என்ன சொல்கிறது என்பதை லெப்டொப்பில் வாசிக்கலாம். ஒரு மணித்தியாலம் வாசிக்கப் பார்த்தேன். ஓர் எழுத்து வரவில்லை. போர்ட் பழுது, வயர் பழுது, லெப்டொப் பழுது என்று ஒவ்வொன்றாகத் தீர்ப்புச் சொன்னேன். கடைசியில் பார்த்தால், பேசும் கம்பியையும் கேட்கும் கம்பியையும் நான்தான் மாற்றிப் பூட்டியிருக்கிறேன். வாயோடு வாயைக் கட்டிவிட்டு, ஏன் சத்தம் கேட்கவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். (இது முதல் வருடத்துப் பிள்ளைகள் விடும் பிழை. அதனால் 'வயர் லூஸ்' என்று சொல்லிச் சமாளித்தேன்.)

கம்பியை மாற்றியபோது அஸர் தொழுகை முடிந்து, சுற்றிவரப் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்துவிட்டார்கள். நோன்போடு இருப்பவர்களுக்கு மாலையில் வேறு பொழுதுபோக்கு இல்லை. மேலே சுற்றும் ஃபேனை நிற்பாட்டிப் பார்க்கச் சொன்னார் ஒருவர். ஒருக்கா கழற்றிப் பூட்டச் சொன்னார் இன்னொருவர்.

"கதைக்காம இரிங்க," என்றார் மாமா. "புள்ள இங்கிலீசு வாசிக்கிது."

பிள்ளை வாசித்தது இதுதான்: எங்கிருந்து லினக்ஸைத் தொடங்குவது என்று நான் பூட்லோடருக்கு எழுதி வைத்திருந்த குறிப்பு, கரண்ட் போய் வந்ததில் குழம்பிப் போயிருந்தது. பூட்லோடர் அடுத்த கட்டளைக்காகக் காத்துக்கொண்டு நின்றது. நான் அந்தக் குறிப்பை அழித்து, போர்டை வாங்கும்போது இருந்த பழைய நிலைக்கே திருப்பிச் சேமித்தேன். திரை எரிந்தது. எல்லோரும் தங்கள் போனை எடுத்து மணியை ஒப்பிட்டார்கள். விநாடி பிசகவில்லை. "மாஷா அல்லாஹ்" என்று ஒரு குரல் கேட்டது. எனக்கு உச்சி குளிர்ந்தது.

ஸாலிஹ் நானா மட்டும் திரைக்குக் கிட்டப் போய் நின்றார்.

"தம்பி, நேத்து மஃரிபு ஆறு இருவத்திமூணு. இண்டைக்கு ஆறு பதினஞ்சு எண்டு போட்டிரிக்கி."

"ஒவ்வொரு நாளும் மாறும்தானே நானா."

"எட்டு நிமிசமா?"

"அது கணக்குப் போட்டுத்தான் காட்டும் நானா. மனிசன் பிழை விடுவான், மெஷின் விடாது."

அவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். "வெளியில நல்ல வெளிச்சம் கிடக்குது," என்றார்.

"ஸாலிஹ், அந்தப் புள்ளயக் கொஞ்சம் வேல செய்ய விடுங்க," என்றார் மாமா. அதோடு அந்தக் கதை முடிந்தது.

ஆறு பதினைந்துக்குச் சைரன் ஊதியது. நான் அப்போது கதிரையில் ஏறி நின்று போர்டின் பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன். கஞ்சிக் கோப்பைகளோடு வரிசையாக இருந்தவர்கள் பேரீத்தம்பழத்தை வாயில் போட்டார்கள். ஸாலிஹ் நானா மாமாவைப் பார்த்தார். மாமா ஒரு கையில் பழத்தோடு மறு கையால் மைக்கைக் காட்டினார். பாங்கு ஒலித்தது. ஸாலிஹ் நானா அதை வழமையைவிட மெதுவாகச் சொன்னார் என்று பிறகு பலரும் சொன்னார்கள்.

பாங்கு முடிந்ததும் மாமாவின் போன் அடித்தது. கரைவலை இழுக்கும் நிஸார். மாமா கஞ்சிக் கோப்பையைக் கீழே வைக்காமல் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமா, நாங்க கடற்கரையில நிக்கிறம். சூரியன் தண்ணிக்கு மேல ஒரு முழம் நிக்கிது. என்னத்துக்குப் பாங்கு சொன்னீங்க?"

"சைரன் ஊதிச்சேடா."

"சைரனுக்குத் தெரிஞ்சி என்ன மாமா, சூரியனுக்கு இன்னும் விசயம் தெரியாது."

கோப்பையைக் கையில் பிடித்தபடியே எல்லோரும் எழுந்து பள்ளியின் பின்பக்கம் போனார்கள். தென்னைகளுக்கு இடையில் சூரியன் அவசரம் எதுவும் இல்லாமல் நின்றது. பள்ளிவாசல் தலைவர் உட்பட முழு ஜமாஅத்தும் கஞ்சி ஒட்டிய மீசையோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் ஊருக்கான புரோகிராமை நான் ஒரு சிறிய கார்டில் போட்டுச் செருகியிருந்தேன். போர்டின் உள் நினைவகத்தில் கிழக்கில் செய்த பழைய பரிசோதனை அப்படியே கிடந்தது. நான் அழித்த குறிப்பில் இருந்தது 'கார்டில் இருந்து தொடங்கு' என்ற ஒரே விஷயம். அது இல்லாததால் பூட்லோடர் உள்ளே கிடந்ததை எழுப்பிவிட்டது. கிழக்குக் கரையில் சூரியன் எங்களுக்கு எட்டு நிமிடம் முந்தி மறையும். போர்ட் மிகச் சரியாகத்தான் ஊதியிருக்கிறது, இலங்கையின் மறுகரைக்கு.

ஸாலிஹ் நானா மைக்கைப் போட்டார். "மஃரிபு நேரம் இன்னும் வரல்ல. தொறந்தவங்க அப்படியே நிப்பாட்டிக்கொள்ளுங்க." ஆறு இருபத்துமூன்றுக்கு, அதே குரலில் இரண்டாவது பாங்கும் சொன்னார்.

தொழுகை முடிந்ததும் பள்ளி மௌலவியைச் சுற்றிக் கூட்டம் நின்றது. வாயில் வைத்தவர்கள் எல்லோரும் ரமழானுக்குப் பிறகு இதற்கு ஈடாக ஒரு நோன்பு கழாவாகப் பிடிக்க வேண்டும் என்றார் அவர்.

"தெரியாமத்தானே மௌலவி," என்றார் மாமா.

"ஓம், தெரியாமத்தான். கழா கழாதான்."

கடற்கரையில் நின்ற ஏழு பேருக்கு மட்டும் நோன்பு சரி என்று ஆனது. (வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிந்தி வருகிறார்கள் என்று மாமா வழமையாகக் குறை சொல்லும் அதே ஏழு பேர்.) எனக்கு உம்மாவை நினைத்துத்தான் வெட்கமாக இருந்தது. சீனி வருத்தக்காரி, டொக்டரிடம் கெஞ்சி அனுமதி வாங்கிப் பிடித்த நோன்பு. சைரன் கேட்டதும் 'எங்கட புள்ளட சைரன்' என்று சொல்லி, வீட்டில் முதல் ஆளாகத் தண்ணீர் குடித்தாராம்.

அப்போது மௌலவி என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சாப்பிட்டீங்க, தம்பி?"

கேள்வி நேர்மையானது. பதில்தான் பிரச்சினை. சைரன் ஊதியபோது பெட்டியின் ஸ்க்ரூ ஆணிகள் நான்கும் என் பற்களுக்கு இடையில் இருந்தன. போன் வரும்வரை அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பூட்டிக்கொண்டிருந்தேன். பழத்தை வாயில் வைக்க இடம் கிடைக்கவில்லை.

"நான் ஒண்டும் சாப்பிடல்ல," என்றேன்.

அந்த நேரம் பள்ளியில் இருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. மாமாதான் முதலில் கதைத்தார். "ஊர்ட நோன்ப முறிச்சிட்டு, தன்ட நோன்ப மட்டும் பத்திரமா வச்சிரிக்கிறான்."

மறுநாள் ஸாலிஹ் நானாவுக்குச் சுவிட்ச் திரும்பக் கிடைத்தது. அட்டவணையும் பழைய ஆணிக்கு வந்தது. 'நான் அப்பவே சொன்னேன்' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். பெருநாள் முடிந்து ஒரு திங்கட்கிழமை ஊரே சேர்ந்து கழாப் பிடித்தது. நானும் கூடப் பிடித்தேன். அதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

இது நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். நோன்பு திறக்கும்போது பாங்கு கேட்டாலும், அட்டவணை சொன்னாலும், ஜன்னலுக்கு வெளியே கறுத்துப் போயிருந்தாலும், நான் முதலில் ஒரு பழத்தைத் தின்று விழுங்க வேண்டும். அதுவரை மற்றவர்கள் கையில் பழத்தோடு என் தொண்டையைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். மாமா வந்திருந்தால் அவர்தான் எனக்கு நேர் எதிரே இருப்பார். கல்யாணம் முடித்து வந்த என் மனைவிக்கு முதல் நோன்பன்றே உம்மா இந்தக் கதையைச் சொல்லிவிட்டார். அவளாவது என்மேல் இரக்கப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கதையை முழுக்கக் கேட்டாள். பாங்கு சொன்னதும் நான் பழத்தை விழுங்கினேன்.

"வாயத் தொறந்து காட்டுங்க," என்றாள்.

காட்டினேன்.